மீட்டாத கம்பி

கடிதம்:

அன்புள்ள ஐயாவுக்கு,

நான் பர்கூர். ஓசூரில் ஷிப்ட் வேலை. நான்கு வருடமாக ஆறு கம்பி ஹவாயன் கிடார் வாசிக்கிறேன், மடியில் கிடத்தி இரும்புப் பாரைக் கம்பிமேல் நகர்த்தி வாசிப்பது. சி6 ட்யூனிங், அதாவது ஸ, க, ப, த, ஸ, க. ஞாயிறு சர்ச்சில் வாசிப்பேன், வீட்டில் தங்கை பாடினால் கூட வாசிப்பேன். போன மாதம் பெங்களூரில் அதே வகையில் பழைய எட்டுக் கம்பி லாப் ஸ்டீல் ஒன்று கிடைத்தது. பெடல் கிடையாது. அதிலிருந்து தூக்கம் போய்விட்டது. சி6-க்கு மேலே ஒரு ஜி சேர்ப்பதா, ஏ6 வைப்பதா, ஈ13-க்குப் போவதா? ஒரு ரி கம்பி சேர்த்துவிட்டால் மோகன ராகம் முழுக்க பார் வைக்காமலே கிடைக்கும் என்கிறார் ஒரு நண்பர். நோட்டில் பதினோரு ட்யூனிங் எழுதி வைத்திருக்கிறேன். நம் பக்கம் இதைக் கேட்க ஆளே இல்லை. எது சிறந்தது என்று ஒரு வரியில் சொன்னால் போதும்.

ஒரு வாசகர், பர்கூர்

பதில்:

அன்புள்ள தம்பி,

போன வாரம் காவேரிப்பட்டணத்தில் ஒரு கல்யாண வரவேற்புக்குப் போயிருந்தேன். மேடையில் நல்ல குரலுள்ள ஒரு பெண் பாடினாள். கீபோர்டு பையன் இரண்டரை மணி நேரமும் கையை எடுக்கவே இல்லை. அவள் மூச்சு வாங்கும் இடத்தில் எல்லாம் நாலைந்து சுரத்தைச் சேர்த்து ஒரு கார்டைப் போட்டு அடைத்துக்கொண்டே இருந்தான். வீடு வந்தும் காதில் அந்த இரைச்சல் ஓயவில்லை. வாசிக்காமல் இருக்க இந்தப் பிள்ளைகளுக்கு யார் சொல்லிக்கொடுப்பது என்று நினைத்துக்கொண்டே படுத்தேன். மறுநாள் உங்கள் கடிதம் வந்தது.

எளிதானதை முதலில் முடித்துவிடுகிறேன். மேலே ஜி வைத்த எட்டுக் கம்பி சி6-ஐயும் வழக்கமான எட்டுக் கம்பி ஏ6-ஐயும் இரண்டு ட்யூனிங் என்று நினைத்து மண்டையை உடைத்துக்கொள்கிறீர்கள். தடித்த கம்பியிலிருந்து வரிசையாகச் சொல்லிப் பாருங்கள். இரண்டுமே த, ஸ, க, ப, த, ஸ, க, ப. ஏ6-ல் எல்லாம் மூன்று ஃப்ரெட், அதாவது மூன்று அரைச்சுரம், இறங்கி நிற்கிறது, அவ்வளவுதான். நோட்டில் இருக்கும் பதினொன்றில் இப்படி எத்தனை ஒன்றே என்று சுரம் போட்டு எழுதிப் பாருங்கள், பாதி கழிந்துவிடும்.

மேலே அந்த ஜி, அதாவது ஒரு ப, வருவது நல்லது. இப்போது உங்கள் ஆறு கம்பியில் மேல் மூன்றும் த, ஸ, க, அதாவது மைனர் கார்டு. மேல் கம்பிகளில் மேஜர் கார்டு வேண்டுமென்றால் நடுவில் நிற்கும் த-வைத் தாண்டிப் போகிறீர்கள். ப வந்துவிட்டால் மேல் மூன்றும் ஸ, க, ப ஆகிவிடும். மைனர் அதற்கு ஒரு கம்பி கீழே அப்படியே இருக்கும். சர்ச்சில் வாசிக்கும் கைக்கு இது பெரிய வசதி. ஆனால் கம்பியை முறுக்குவதற்கு முன் நட்டிலிருந்து பிரிட்ஜ் வரை, கம்பி அதிரும் நீளத்தை, அளந்துவிடுங்கள். 22½ அங்குலம் என்றால் 11 அல்லது 12 கேஜ் தடிமனுள்ள கம்பி அந்த ஜி-யைத் தாங்கும். சாதாரண கிடார் போல 25½ இருந்தால் அறுகிற எல்லைக்குப் பக்கத்தில் போய்விடுவீர்கள். மெல்லிய கம்பி போட்டும் பெரிதாகத் தப்ப முடியாது, அறுப்பது நீளமும் சுதியும்தான். அப்போது ஏ6 வையுங்கள், மேல் கம்பி ஈ-யிலேயே நின்றுவிடும். ஈ13-ல் கைசிகி நிஷாதம், அதாவது இறங்கிய நி, கூடவே வருகிறது. அது வேறு ஒரு ருசி, இப்போது வேண்டாம்.

இனி அந்த ரி. உங்கள் நண்பரிடம் எனக்குக் கோபமே வருகிறது.

சி6-ல் மோகனத்தின் ஐந்து சுரத்தில் நான்கு ஏற்கெனவே கம்பிகளாக இருக்கின்றன. ரி மட்டும் இல்லை. அது ஸ-விலிருந்து இரண்டு ஃப்ரெட் தள்ளி, பார் போய்த் தொட வேண்டிய இடத்தில் இருக்கிறது. அதுதான் உங்கள் பாக்கியம் தம்பி! ஸ-விலிருந்து ஏறிப் போய் ரி-யைத் தொடலாம், க-விலிருந்து வழுக்கி அதில் விழலாம். 19ஆம் நூற்றாண்டின் கடைசியில் ஹவாய்த் தீவுகளில் ஜோசப் கெகுகு என்ற பள்ளிப் பையன் இரும்புத் துண்டைக் கம்பியில் இழுத்துப் பார்த்தானே, அவனுக்குக் கிடைத்தது சுரத்துக்கும் சுரத்துக்கும் நடுவில் இருக்கிற அந்த வழிதான். ரி-யைத் தனிக் கம்பியாக்கினால் வழியை அடைத்துக்கொள்கிறீர்கள். ஐந்து சுரமும் தட்டினால் கிடைக்க வேண்டும் என்றால் ஹார்மோனியம் இருக்கிறது, அதுவும் நல்ல வாத்தியம்தான்.

சரி, ரி-யை வைத்தே தீருவது என்றால் எங்கே வைப்பீர்கள்? ஸ-வுக்கும் க-வுக்கும் நடுவில் என்றால், கார்டு வாசிக்கும்போதெல்லாம் அது இடையில் புகுந்து உளறும். நீங்கள் எழுதிய பதினோரு ட்யூனிங்கிலும் எந்தக் கம்பி என்ன சுரம் சொல்லும் என்று இருக்கிறது. நீங்கள் மீட்டாதபோது அது என்ன செய்யும் என்று ஒன்றிலாவது எழுதினீர்களா? நான் கேட்பது அந்த ஒரு கேள்விதான்.

வீணையைப் பாருங்கள். ஏழு கம்பி. மெட்டுகளின் மேல் ஓடுவது நான்கு, தாளக் கம்பி மூன்றும் ஓரமாக ஒதுங்கி நிற்கும். சித்திரவீணையில் 21 கம்பி, வாசிக்க ஆறு. விஸ்வமோகன் பட் கிடாரை மாற்றி மோகன வீணை செய்தபோது கீழே தானாக அதிரும் 12 தரப் கம்பி கட்டினார், ஆனால் சுரம் வாசிக்க மூன்றே மூன்று வைத்துக்கொண்டார். நம் ஆட்கள் கம்பி சேர்க்கத் தயங்கியதே இல்லை. சேர்த்ததைக் கையின் வழியில் நிறுத்தவில்லை. அவை தானாக ஒலித்தாலும் ராகத்துக்குள்ளேயே ஒலிக்கும்படி சுதி சேர்த்தார்கள். உங்கள் லாப் ஸ்டீலில் அந்த ஏற்பாடு கிடையாது. எட்டும் ஒரே பாரின் கீழே கிடக்கின்றன. பாரை ஐந்தாம் ஃப்ரெட்டுக்குக் கொண்டுபோனால் உங்கள் ஸ கம்பி ம சொல்லும். சுதிக்கென்று ஒரு கம்பி அங்கே நிலையாக நிற்க முடியாது. நீங்கள் சேர்க்கும் ஒவ்வொரு கம்பியும் அடக்க வேண்டிய இன்னொரு கம்பி.

இதை நான் புத்தகத்தில் படித்துத் தெரிந்துகொள்ளவில்லை. 1983-ல் எனக்கு இருபது வயது. தர்மபுரியில் எங்கள் மாஸ்டர் ரேடியோ ரிப்பேர் கடை வைத்திருந்தார், ராத்திரியில் ஆர்க்கெஸ்ட்ராவில் கிடார். பெங்களூரில் ஒரு ஓட்டல் பேண்டுக்காரரிடமிருந்து நானும் உங்களைப் போலவே ஒரு எட்டுக் கம்பி வாங்கி வந்தேன். யாரையும் கேட்காமல் அடியில் ஒரு ம வைத்தேன். யாரிடமும் இல்லாத ஆழம் என் கிடாரில் இருக்கிறது என்று பெருமையாக இருந்தது.

பாலக்கோடு பக்கம் ஒரு மாரியம்மன் பண்டிகை. பலகை மேடை, பக்கத்திலேயே டிரம்ஸ். மெதுவான ஒரு பாட்டு. பாடிய அக்கா சரணம் முடிந்து பல்லவிக்குத் திரும்புகிறார். மேடை அதிர, என் அடிக் கம்பி தானாக முனகிக்கொண்டிருக்கிறது. நான் மேல் கம்பிகளில் உருகிக்கொண்டிருந்ததால் எனக்குக் கேட்கவில்லை. அவருக்குக் கேட்டது. சுதி ஒரு நூல் நழுவி, திரும்பிப் பார்த்தார். அந்தப் பார்வையை இன்னும் மறக்கவில்லை. அப்போது பின்னாலிருந்து ஒரு கை வந்து தடித்த இரண்டு கம்பிகள் மேல் படிந்தது. மாஸ்டர். அவருடைய கிடார் தோளில் தொங்கிக்கொண்டிருந்தது. பாட்டு முடியும்வரை அந்தக் கையை அவர் எடுக்கவில்லை. நான் மேல் கம்பிகளில் வாசித்து முடித்தேன். ரிதம் கிடார் இல்லாமலே போன அந்தப் பாட்டைப் பற்றி ஊரில் யாரும் ஒரு வார்த்தை சொல்லவில்லை.

அவரும் அன்று ஒன்றும் சொல்லவில்லை. மறுநாள் கடையில் கட்டிங் பிளேயரை எடுத்தார், அடி இரண்டு கம்பியையும் கழற்றிச் சுருட்டி ஆணியில் மாட்டினார். "ஆறே உனக்கு அடங்கல. எட்டு எதுக்குடா?" என்றார். பிறகு ஆம்ப்ளிஃபையரை முழுசாகத் திறந்துவிட்டார். "பன்னெண்டுல இருந்து ஒண்ணு வரைக்கும் பாரை இழுத்துக்கிட்டு வா. சத்தம் வரக் கூடாது."

தினமும் அதுதான். ஒரு சுரம் கிடையாது. முதல் வாரம் உப்புத்தாள் தேய்ப்பது போல இரைந்தது. பாருக்குப் பின்னால் மோதிர விரலும் சுண்டு விரலும் கம்பியோடு ஒட்டியே நகர வேண்டும், வலது உள்ளங்கையின் ஓரம் ஒரு இலை விழுவது போலக் கம்பிமேல் அமர வேண்டும் என்று அவர் வாயால் சொல்லவில்லை. அவர் கையைப் பார்த்துத் தெரிந்துகொண்டேன். ஐந்தாவது மாதமோ என்னவோ, ஒரு சாயங்காலம் அவர் எனக்கு முதுகு காட்டி ஏதோ சால்டர் வைத்துக்கொண்டிருந்தார். "ஏன்டா, வாசிக்கிறியா இல்ல சும்மா உக்காந்திருக்கியா?" என்று கேட்டார். நான் பாரை இழுத்துக்கொண்டுதான் இருந்தேன். அவர் திரும்பிப் பார்த்தார். எழுந்து வந்து ஆணியிலிருந்து ஒரு கம்பியை எடுத்துத் திரும்ப மாட்டினார். இதை எழுதும்போதும் எனக்குக் கண் கலங்குகிறது. அந்த ம கம்பியைத் திருப்பித் தரச் சொல்லி அதன்பிறகு நான் கேட்கவில்லை.

இன்னொன்று, இது திட்டுதான். இத்தனை ட்யூனிங் எழுதிய கடிதத்தில் ஒரு பாட்டின் பெயர்கூட இல்லை. தங்கை எந்தக் கட்டையில் பாடுகிறாள் என்றும் இல்லை. ஐந்தரைக் கட்டை என்றால் சி6-ல் உங்கள் பார் எட்டாம் ஃப்ரெட்டில் குடியிருக்கும். அது தெரியாமல் ட்யூனிங்கை எப்படித் தேர்ந்தெடுப்பீர்கள்? யாழ் வாசிக்குமுன் நரம்புகளைப் பண்ணுக்கு, அதாவது ராகத்துக்கு, ஏற்ப அமைப்பதற்கு நம் முன்னோர் வைத்த பெயர் பண்ணல். பேரியாழுக்கு 21 நரம்பு, செங்கோட்டி யாழுக்கு 7. இரண்டிலும் பண் முதலில் தெரிந்திருக்க வேண்டும். நீங்கள் பண் இல்லாமல் பண்ணலில் உட்கார்ந்திருக்கிறீர்கள்.

கேட்க ஆள் இல்லை என்று மட்டும் எழுதாதீர்கள். கிருஷ்ணகிரியில் முகூர்த்த நாளில் எந்த மண்டபத்தின் பக்கம் போனாலும் நாதஸ்வரம் கேட்கும். போய் நில்லுங்கள். அவர் மூச்சு எடுக்கும் இடத்தைக் கவனியுங்கள். லாப் ஸ்டீலைக் கண்ணால் பார்த்திராத மனிதர் உங்களுக்கு அதைக் கற்றுத் தருவார்.

இப்போது செய்ய வேண்டியது இது. பழகிய ஆறு கம்பியைத் தொடாதீர்கள். அவற்றுக்கு மேலே ஒன்றாம் கம்பியாக ப. அடியில் த வரவேண்டிய எட்டாவதைக் கழற்றி வையுங்கள். ஷிப்ட் முடிந்து வந்து தினமும் கால் மணி நேரம், ஒலியை முழுசாகத் திறந்து, பன்னிரண்டிலிருந்து ஒன்றுவரை சத்தமில்லாமல் பாரை இழுங்கள். தங்கையை ஒருநாள் பக்கத்து அறையில் உட்காரச் சொல்லுங்கள். நீங்கள் வாசிக்கிறீர்களா இல்லையா என்று அவளுக்குச் சந்தேகம் வந்தால் எட்டாவதை மாட்டலாம்.

பாட்டுகளின் பெயரை எழுதி அனுப்புங்கள், சுதியோடு. ஒரு ஞாயிறு ஆராதனை முடிந்து பஸ் ஏறினால் மதியத்துக்குள் தர்மபுரி வந்துவிடலாம். கிடாரை எடுத்து வாருங்கள். 12 கேஜ் கம்பி என்னிடம் இரண்டு இருக்கிறது.

அன்புடன்.