அப்பாவின் ரிவால்வர் பீரோவில் இருக்கிறது, நான் என்ன செய்ய வேண்டும்?

கேள்வி: ஐயா, எங்கள் ஊர் ராமநாதபுரம் மாவட்டத்தில் உச்சிப்புளி பக்கம். அப்பா ராணுவத்தில் சுபேதாராக இருந்து ஓய்வு பெற்றவர். ஐந்து மாதங்களுக்கு முன் காலமாகிவிட்டார். போன வாரம் அவருடைய பீரோவை ஒதுங்க வைத்தபோது, அடித்தட்டில் வேட்டிகளுக்குக் கீழே தோல் உறையில் ஒரு ரிவால்வரும், மருந்து டப்பா ஒன்றில் 11 தோட்டாக்களும் இருந்தன. உரிமப் புத்தகமும் கூடவே இருக்கிறது, ஆனால் அப்பா இருக்கும்போதே அது காலாவதியாகிவிட்டது. துப்பாக்கியின் பக்கவாட்டில் 'மார்க் 4 .38 145/200' என்று பொறித்திருக்கிறது. கடல் காற்றில் அங்கங்கே துரு ஏறியிருக்கிறது. நான் பள்ளி ஆசிரியை. அம்மா என்னோடு இருக்கிறார், தம்பி துபாயில் வேலை பார்க்கிறான். சித்தப்பா, "பேசாமல் கடலில் போட்டுவிடு, தொல்லை விட்டது" என்கிறார். ஊரில் ஒருவர் நல்ல விலைக்குக் கேட்கிறார். எனக்கு அப்பா நினைவாக வைத்துக்கொள்ளத்தான் ஆசை. முறைப்படி என் பெயருக்கு மாற்ற முடியுமா? தம்பி நேரில் வர வேண்டுமா?

பதில்: அன்புச் சகோதரி, இதைப் படித்து முடித்ததும் முதலில் ஒரு காரியம் செய்யுங்கள். அந்த பீரோவைப் பூட்டிச் சாவியை நீங்களே வைத்துக்கொள்ளுங்கள். உரிமத்தைப் பெயர் மாற்றுவது பற்றி அதற்குப் பிறகு பேசலாம். இன்றைய தேதிக்கு அந்த ரிவால்வரை வீட்டில் வைத்திருக்க உங்களுக்கோ அம்மாவுக்கோ சட்டப்படி உரிமை இல்லை. உரிமம் என்பது வீடு, நிலம் போல வாரிசுக்குத் தானாக வந்து சேரும் சொத்தல்ல. அது அந்த ஒரு மனிதருக்கு அரசு கொடுத்த அனுமதி. அவர் போனதும் அனுமதியும் போய்விட்டது.

1959-ம் வருட ஆயுதச் சட்டத்தின் 3-வது பிரிவு, உரிமம் இல்லாமல் துப்பாக்கியோ தோட்டாவோ வைத்திருக்கக் கூடாது என்கிறது. 2019-ல் வந்த திருத்தத்துக்குப் பிறகு இதற்குக் குறைந்தது இரண்டு ஆண்டு, அதிகபட்சம் ஐந்து ஆண்டு சிறை. உங்கள் கையில் இருப்பது அதையும்விடக் கடுமையான வகையில் வரக்கூடும், அதைக் கீழே சொல்கிறேன். பயமுறுத்துவதற்காக இதைச் சொல்லவில்லை. இந்தச் சட்டத்தில் 'வைத்திருத்தல்' என்றால் தெரிந்தே வைத்திருத்தல் என்று 1972-ல் குன்வந்த்லால் வழக்கில் உச்ச நீதிமன்றம் விளக்கியிருக்கிறது. பீரோவின் அடித்தட்டில் இப்படி ஒன்று இருப்பது போன வாரம் வரை உங்களுக்குத் தெரியாது. ஆகவே இந்த ஐந்து மாதத்தை நினைத்து நீங்கள் கலங்க வேண்டாம். ஆனால் இப்போது தெரிந்துவிட்டது. இனி கழியும் ஒவ்வொரு நாளுக்கும் நீங்கள்தான் பதில் சொல்ல வேண்டியிருக்கும்.

அதற்கு வழியும் சட்டத்திலேயே இருக்கிறது. 21-வது பிரிவின்படி, எந்தக் காரணத்தால் ஆயுதம் வைத்திருப்பது சட்டத்துக்குப் புறம்பாகிப் போனாலும், தேவையில்லாத தாமதம் செய்யாமல் அதைப் பக்கத்துக் காவல் நிலையத்தில் ஒப்படைக்க வேண்டும். உரிமம் பெற்ற ஆயுத வியாபாரியிடமும் ஒப்படைக்கலாம். ஒப்படைத்துவிட்டால் அது கைவிட்டுப் போனதாக அர்த்தமில்லை. பிறகு உரிமம் கிடைத்தால் திரும்ப வாங்கிக்கொள்ளலாம், இல்லையென்றால் உரிமம் உள்ளவருக்கு விற்கச் சொல்லலாம். குறித்த காலத்துக்குள் இரண்டும் செய்யாமல் விட்டால் மட்டுமே மாவட்ட நடுவர் என்ற முறையில் ஆட்சியர் அதை அரசுடைமையாக்கி உத்தரவிடுவார்.

துப்பாக்கியைப் பையில் போட்டுக்கொண்டு பஸ் ஏறிப் போய்விடாதீர்கள். வழியில் சோதனைச் சாவடியில் யாராவது பையைத் திறந்தால், ஒப்படைக்கத்தான் போனேன் என்பதை நிரூபிக்கும் பாடு உங்களுடையதாகிவிடும். முதலில் கடிதம் கொண்டுபோய்க் கொடுங்கள். சுருக்கமாக இப்படி இருந்தால் போதும்: "என் தந்தையார் இன்னார், இன்ன தேதியில் காலமானார். அவர் பெயரில் இன்ன எண் துப்பாக்கி உரிமம் இருந்தது. இன்ன தேதியில் அவரது பீரோவில் இன்ன எண்ணுள்ள ரிவால்வரையும் 11 தோட்டாக்களையும் கண்டேன். ஆயுதச் சட்டம் பிரிவு 21-ன்படி அவற்றை ஒப்படைக்க விரும்புகிறேன். வீட்டுக்கு ஆள் அனுப்பிப் பெற்றுக்கொண்டு ரசீது தரும்படி வேண்டுகிறேன்." இதோடு இறப்புச் சான்றிதழ், உரிமப் புத்தகத்தின் எல்லாப் பக்கங்கள், உங்கள் ஆதார் ஆகியவற்றின் நகல்களை வையுங்கள். இன்னொரு பிரதியில் நிலைய முத்திரையும் தேதியும் வாங்கிக்கொள்ளுங்கள். ஆட்சியர் அலுவலகத்துக்கும் ஒரு பிரதியைப் பதிவு செய்து விரைவுத் தபாலில் (ஸ்பீட் போஸ்ட்) அனுப்புங்கள்.

அவர்கள் வரும்வரை துப்பாக்கியைத் தொட வேண்டாம். சிலிண்டரில் குண்டு இருக்கிறதா என்று திறந்து பார்க்கவும் வேண்டாம். அது நடுவில் மடங்கித் திறக்கும் பழைய மாதிரி. துருப்பிடித்த கொக்கி எந்த நேரத்தில் என்ன செய்யும் என்று சொல்ல முடியாது. தோட்டாக்களின் பித்தளையில் பச்சையாகக் களிம்பு பூத்திருந்தால் அதைத் துடைக்கவும் கூடாது. எல்லாவற்றையும்விட முக்கியம், உப்புத்தாளால் துருவைத் தேய்க்காதீர்கள். தேய்த்துத் தொடர் எண் அழிந்துபோனால் 8-வது பிரிவு உங்கள் மேல் பாயும். எண் அழிந்த துப்பாக்கி யார் கையில் இருக்கிறதோ அவரே அழித்தார் என்றுதான் சட்டம் முதலில் எடுத்துக்கொள்ளும். இல்லை என்று நிரூபிப்பது உங்கள் பொறுப்பு. நம் கரையோர வீடுகளில் இரும்பு படும் பாடு எனக்கும் தெரியும். இருந்தாலும் அது அப்படியே போகட்டும்.

ரசீதில் தயாரிப்பாளர் பெயர், குழல் அளவு, தொடர் எண், தோட்டாக்களின் எண்ணிக்கை நான்கும் இருக்கிறதா என்று பார்த்துவிட்டு வாங்குங்கள். "பழைய கைத்துப்பாக்கி 1" என்று மட்டும் எழுதிய ரசீது நாளைக்கு எதற்கும் உதவாது.

சித்தப்பா உங்கள் நன்மைக்குத்தான் சொல்கிறார், ஆனால் அவர் சொல்வதைக் கேட்காதீர்கள். அந்த ரிவால்வர் அரசுப் பதிவேட்டில் உங்கள் அப்பா பெயரில் நிற்கிறது. புதுப்பிக்காத உரிமங்களைக் காவல்துறை சரிபார்க்கும்போது ஒருநாள் ஆயுதம் எங்கே என்று உங்கள் வீட்டு வாசலுக்கு வந்து கேட்பார்கள். கடலில் போட்டோம் என்ற பதிலை யாரும் நம்ப மாட்டார்கள், யாருக்கோ விற்றுவிட்டதாகத்தான் நினைப்பார்கள். இந்தக் கடலும் அப்படி ஒன்றும் ஆழமில்லை. எந்த விசைப்படகின் இழுவை மடியிலாவது ஏறி வந்தால் அந்தப் படகுக்காரரும் சேர்ந்து அலைவார். 2018 ஜூனில் தங்கச்சிமடம் அருகே ஒரு வீட்டில் கழிவுநீர்த் தொட்டிக்குக் குழி தோண்டியபோது பெட்டி பெட்டியாகத் தோட்டாக்கள் வெளிவந்தது உங்களுக்கும் நினைவிருக்கும். 1980-களில் போராளிக் குழுக்கள் புதைத்தவை என்று சொல்லப்பட்டது. இலங்கை கண்ணுக்கெட்டும் தூரத்தில் இருக்கும் கரை இது. இங்கே துப்பாக்கி என்ற சொல் வந்தாலே விசாரணை கொஞ்சம் நீளும். நீங்களாக முன்வந்து எழுதிக் கொடுத்த கடிதம் கையில் இருந்தால் அந்த விசாரணை வந்த வழியே போய்விடும். இன்னொன்றையும் தெரிந்துகொள்ளுங்கள்: 3-வது பிரிவை மீறியதாக ஒருவர் மேல் வழக்குத் தொடர வேண்டுமானால் மாவட்ட நடுவரின் முன் அனுமதி வேண்டும் என்று 39-வது பிரிவு சொல்கிறது. தானே ஒப்படைத்தவருக்கும் ஒளித்து வைத்தவருக்கும் உள்ள வித்தியாசம் அந்த மேஜையில் தெளிவாகத் தெரியும்.

இப்போது நீங்கள் கேட்ட பெயர் மாற்றத்துக்கு வருகிறேன். 2016-ம் வருட ஆயுத விதிகளின் 25-வது விதி, உரிமதாரர் இறந்த பிறகு அவருடைய சட்டப்படியான வாரிசுக்கு உரிமம் வழங்கலாம் என்கிறது. (உங்கள் அப்பா இருக்கும்போதே, 70 வயது நிறைந்ததும் அல்லது 25 வருடம் துப்பாக்கியை வைத்திருந்ததும், தனக்குப் பிடித்த வாரிசை நியமித்துப் பெயர் மாற்றியிருக்கலாம். வீட்டில் பெரியவர்கள் பெயரில் துப்பாக்கி வைத்திருக்கும் மற்ற வாசகர்கள் இதைக் கவனியுங்கள். பிறகு வரும் அலைச்சலில் பாதி மிச்சமாகும்.) 'வழங்கலாம்' என்றுதான் விதி சொல்கிறது, வழங்கியே ஆக வேண்டும் என்று சொல்லவில்லை. வாரிசு என்பதால் விண்ணப்பிக்க வாசல் திறக்கிறது, அவ்வளவுதான். மற்ற தகுதிகள் எல்லாம் உங்களுக்குத் தனியாக இருக்க வேண்டும்.

உங்கள் விஷயத்தில் சிக்கல் துப்பாக்கியின் பக்கவாட்டில் இருக்கிறது. '.38 145/200' என்ற பொறிப்பைப் பார்த்தால் அது இங்கிலாந்தில் செய்த வெப்லி மாடல் என்று தெரிகிறது. அது .380 விளிம்புத் தோட்டாவை (அடிப்பக்கத்தில் விளிம்பு நீட்டிய தோட்டா) ஏற்கும். .380, .455 விளிம்புத் தோட்டாக்களையும், ராணுவ 9 மி.மீ. தோட்டாவையும் ஏற்கும் கைத்துப்பாக்கிகள் நம் விதிகளில் கட்டுப்படுத்தப்பட்ட வகை. பேச்சுவழக்கில் 'பி.பி.' (புரொஹிபிட்டட் போர், அதாவது தடை செய்யப்பட்ட குழல் அளவு) என்பார்கள். .32 ரிவால்வராக இருந்தால் உங்கள் மனுவை ராமநாதபுரம் ஆட்சியர் அலுவலகத்திலேயே முடிவு செய்திருப்பார்கள். இந்த வகைக்கு உரிமம் கொடுக்கும் அதிகாரம் டெல்லியில் மத்திய உள்துறை அமைச்சகத்திடம் இருக்கிறது. உரிமம் இல்லாமல் வைத்திருந்து, தடை செய்யப்பட்ட ஆயுதமாகக் கருதி வழக்குப் போட்டால் தண்டனையும் ஏழு முதல் பதினான்கு ஆண்டு. உரிமப் புத்தகத்தில் வெறுமனே '.38' என்று எழுதியிருந்தால் அதை நம்பி சாதாரண வகை என்று விண்ணப்பித்துவிடாதீர்கள். ஒப்படைக்கும்போது காவல்துறை ஆயுதப் பிரிவில் அளவைச் சரிபார்த்து எழுதித் தரச் சொல்லி மனுவில் கேளுங்கள். எந்த அலுவலகத்துக்குப் போவது என்பதை அந்த ஒரு வரிதான் முடிவு செய்யும்.

விண்ணப்பம் படிவம் ஏ-1. இணையத்தில் பதிந்து, அச்செடுத்துக் கையெழுத்திட்டு, ஆட்சியர் அலுவலகம் வழியாகவே அனுப்ப வேண்டும். வயது, அடையாளம், இருப்பிடம் மூன்றுக்கும் சான்று, வெள்ளைப் பின்னணியில் புகைப்படங்கள், உடல்நலமும் மனநலமும் சரியாக இருக்கின்றன, போதைப் பழக்கம் இல்லை என்று மருத்துவர் தரும் படிவம் எஸ்-3, ஆயுதத்தைப் பாதுகாப்பாகக் கையாளும் பயிற்சிச் சான்று, வீட்டில் பூட்டி வைக்கும் வசதி பற்றிய உறுதிமொழி ஆகியவை வேண்டும். வாரிசு என்பதால் இறப்புச் சான்றிதழ், தாசில்தார் தரும் வாரிசுச் சான்றிதழ், அப்பாவின் உரிமப் புத்தகம், ஒப்படைத்த ரசீது, மற்ற வாரிசுகளின் ஆட்சேபணை இல்லாக் கடிதம் ஆகியவற்றையும் சேர்க்க வேண்டும். வாரிசுச் சான்றிதழுக்கு இ-சேவை மையத்தில் இப்போதே மனுப் போட்டுவிடுங்கள். அது இல்லாமல் மற்றவை நகராது. அப்பாவின் புத்தகத்தில் யு.ஐ.என். எனப்படும் தனி அடையாள எண் பதிந்திருக்கிறதா என்றும் பாருங்கள். இல்லையென்றால் தேசியத் தரவுத்தளத்தில் அந்தத் துப்பாக்கி ஏறவில்லை என்று பொருள். அதை மறைக்காமல் மனுவிலேயே குறிப்பிட்டுவிடுங்கள். அடுத்து காவல்துறை விசாரணை. பள்ளி ஆசிரியைக்கு எதற்குத் துப்பாக்கி என்று நிச்சயம் கேட்பார்கள். இல்லாத மிரட்டலை இருப்பதாகச் சொல்லாதீர்கள். அப்பாவின் நினைவு, குடும்பச் சொத்து என்ற உண்மையையே சொல்லுங்கள்.

தம்பி வர வேண்டியதில்லை. துபாயில் உள்ள இந்தியத் துணைத் தூதரகத்தில் ஆட்சேபணை இல்லை என்ற உறுதிமொழிப் பத்திரத்தில் கையெழுத்திட்டுச் சான்றொப்பம் வாங்கி மூலப்பத்திரத்தையே கூரியரில் அனுப்பினால் போதும். வாட்ஸ்அப்பில் வந்த படத்தை ஏற்க மாட்டார்கள். அம்மா இங்கேயே நோட்டரி முன் கையெழுத்திடலாம்.

ஊரில் விலைக்குக் கேட்பவரிடம் இன்றே முடியாது என்று சொல்லிவிடுங்கள், முன்பணமும் வாங்காதீர்கள். ஆயுதத்தை விற்க நினைப்பவர், வாங்குபவரின் பெயரையும் முகவரியையும் மாவட்ட நடுவருக்கோ காவல் நிலையத்துக்கோ எழுத்தில் தெரிவித்து, 45 நாள் கழிந்த பிறகே விற்கலாம் என்று 5-வது பிரிவு சொல்கிறது. வாங்குபவரிடம் இந்தக் கட்டுப்படுத்தப்பட்ட வகைக்கே உரிமம் இருக்க வேண்டும். அவரிடம் தோட்டத்துக் காவலுக்கு வாங்கிய சாதாரணத் துப்பாக்கி உரிமம் இருந்தாலும் இதற்குச் செல்லாது.

சுடும் ஊசியை எடுத்துவிட்டுக் கண்ணாடிப் பெட்டியில் வைத்தால் போதாதா என்று சிலர் உங்களிடம் சொல்லக்கூடும். போதாது. பழுது பார்த்தாலும் சுட முடியாத நிலையில் உள்ள ஆயுதத்துக்குத்தான் 45-வது பிரிவில் விலக்கு உண்டு. ஊசியைத் திரும்பப் பொருத்திவிட முடியும் என்பதால் அது துப்பாக்கிதான்.

என் சொந்த அபிப்பிராயத்தையும் கேட்டால், உங்கள் ஆசையை நான் மதிக்கிறேன், அதைத் தடுக்கவும் எனக்கு மனமில்லை. ஆனாலும் குழந்தைகள் வந்து போகும் ஆசிரியை வீட்டில், சுடத் தெரியாத இருவர் மட்டும் இருக்கும் இடத்தில், ஐந்து வருடத்துக்கு ஒருமுறை புதுப்பித்து, தேர்தல் அறிவிப்பு வந்தால் கொண்டுபோய் ஒப்படைத்து, தோட்டா ஒவ்வொன்றுக்கும் கணக்குச் சொல்லி இதை வைத்திருப்பது பெரிய பொறுப்பு. டெல்லியிலிருந்து அனுமதி வருமா என்பதும் நம் கையில் இல்லை. விண்ணப்பியுங்கள், அது உங்கள் உரிமை. மறுத்தால் காரணத்தை எழுத்தில் கேட்டு வாங்குங்கள். மேற்கொண்டு என்ன செய்வது என்பதை அந்த உத்தரவைப் பார்த்துத்தான் சொல்ல முடியும். உரிமம் வேண்டாம் என்று முடிவு செய்தால், அரசிடமே விட்டுவிடச் சம்மதம் என்று நீங்களும் அம்மாவும் தம்பியும் கையெழுத்திட்ட கடிதம் ஒன்றை, ஒப்படைத்த ரசீதின் நகலோடு ஆட்சியர் அலுவலகத்தில் கொடுத்து, அப்பாவின் உரிமத்தை ரத்து செய்ததற்கான பதிலை வாங்கிப் பத்திரப்படுத்துங்கள்.