பழைய பிக்கப் டிரக்கில் ஆட்டோமேட்டிக் ஹெட்லைட்டை நிரந்தரமாக அணைத்துவிடலாமா?

கேள்வி இதுதான்: "2004 செவர்லே சில்வராடோ வைத்திருக்கிறேன், அமெரிக்காவில் இருக்கிறேன். இருட்டினால் ஹெட்லைட் தானாக எரிகிறது. லைட் குமிழில் ஆஃப் என்று ஒரு இடமே இல்லை. ஃப்யூஸையோ ரிலேவையோ பிடுங்கி ஒரேயடியாக நிறுத்திவிடலாமா?"

நிறுத்த முடியும், ஆனால் ஒரேயடியாக நிறுத்தாதீர்கள். தேவைப்படும் நேரத்துக்கு மட்டும் அணைத்துவிட்டு, அடுத்த முறை சாவி போடும்போது எல்லாம் தானாகப் பழைய நிலைக்குத் திரும்புகிற மாதிரி வைத்துக்கொள்ளுங்கள். அதற்குச் செலவே இல்லாத ஒரு வழி உங்கள் வண்டியிலேயே இருக்கிறது. பலருக்கு அது தெரியாததால்தான் முதலில் ஃப்யூஸ் பெட்டியில் கை வைக்கிறார்கள்.

நான் பென்சில்வேனியாவில் இருக்கிறேன், என்னிடமும் இதே தலைமுறை சில்வராடோதான். டெலஸ்கோப்பைப் பின்னால் ஏற்றிக்கொண்டு செர்ரி ஸ்பிரிங்ஸ் ஸ்டேட் பார்க்குக்குப் போவது வழக்கம். அமெரிக்காவின் கிழக்குப் பகுதியில் வானம் இவ்வளவு கருப்பாகக் கிடைக்கிற இடங்கள் குறைவு, 2008-இல் சர்வதேச இருள் வானப் பூங்கா என்ற அங்கீகாரமும் கிடைத்த இடம் அது. அங்கே இரவு தங்கிப் பார்க்கிற மைதானத்தில் வெள்ளை வெளிச்சமே கூடாது, சிவப்பு டார்ச் மட்டும்தான். கண் இருட்டுக்கு நன்றாகப் பழக 20 முதல் 30 நிமிடம் ஆகும். யாரோ ஒருவர் வண்டியை ஸ்டார்ட் செய்து ஹெட்லைட் எரிந்தால் மைதானத்தில் இருக்கிற எல்லோரும் அந்த அரை மணி நேரத்தை மறுபடி முதலிலிருந்து ஆரம்பிக்க வேண்டும். அதனால் இந்த விஷயத்தை நான் உட்கார்ந்து படித்து, வயர் வரை தொட்டுப் பார்த்திருக்கிறேன்.

முதலில் அந்தச் செலவில்லாத வழி. லைட் குமிழுக்குப் பக்கத்தில், உள் கூரை விளக்கை அணைக்கிற பொத்தான் ஒன்று இருக்கும், டோம் ஓவர்ரைடு என்பார்கள். சாவியைப் போட்டுவிட்டு அதை 6 விநாடிக்குள் 4 முறை அழுத்துங்கள். மணி மாதிரி ஒரு சத்தம் வரும், ஆட்டோமேட்டிக் ஹெட்லைட், பகல் விளக்கு இரண்டும் நின்றுவிடும். திரும்ப வேண்டுமென்றால் மறுபடி 4 முறை, அல்லது சாவியை அணைத்துப் போட்டாலே போதும். வண்டியோடு வந்த கையேட்டிலேயே இது இருக்கிறது. பழைய வண்டி வாங்குகிறவர்களுக்குக் கையேடு கைக்கு வருவதில்லை, பிரச்சினை அங்கேதான். இதற்கு அடுத்த தலைமுறையில், அதாவது 2007-இல் புதிய வடிவம் வந்தபோது, குமிழிலேயே ஆஃப் பக்கம் ஒரு திருப்புத் திருப்பினால் அணைகிற மாதிரி மாற்றிவிட்டார்கள், அந்த வண்டிக்காரர்களுக்கு இந்தத் தலைவலி இல்லை.

இரண்டாவது வழி, வண்டி நின்றுகொண்டே இன்ஜின் ஓட வேண்டும், லைட் எரியக்கூடாது என்பவர்களுக்கு. சாவி போடுவதற்கு முன்பே பார்க்கிங் பிரேக்கை மிதித்துவிட்டு அப்புறம் ஸ்டார்ட் செய்யுங்கள். பிரேக்கை விடுவிக்கும் வரை ஹெட்லைட் எரியாது. டிரைவ்-இன் தியேட்டருக்கு இது அருமையான வழி. பென்சில்வேனியாவில் ஓரஃபீல்டு என்ற ஊரில் 1934 முதல் நடக்கிற ஷாங்க்வைலர்ஸ் இருக்கிறது, இன்றும் இயங்குகிற டிரைவ்-இன்களில் அமெரிக்காவிலேயே மிகப் பழையது. குளிர் தாங்காமல் படத்தின் நடுவில் ஹீட்டருக்காக இன்ஜினைப் போடுகிறவர்கள் இதைத் தெரிந்து வைத்துக்கொண்டால் முன்வரிசைக்காரர்களிடம் திட்டு வாங்க வேண்டாம்.

ஆனால் சிலர் இதையே ஓட்டும்போதும் செய்கிறார்கள். பார்க்கிங் பிரேக் மிதியை ஒரே ஒரு கிளிக் மட்டும் அழுத்தி வைத்து அப்படியே ஓட்டுவது, அல்லது பிரேக் சுவிட்சின் வயரை பாடியில் கிரவுண்ட் செய்து, பிரேக் எப்போதும் போட்டிருக்கிற மாதிரி வண்டியை நம்ப வைப்பது. தயவுசெய்து வேண்டாம். முதலாவதில் பின் பிரேக் உரசிக்கொண்டே இருக்கும். இரண்டாவதில் டேஷில் சிவப்பு பிரேக் விளக்கு நிரந்தரமாக எரிந்துகொண்டிருக்கும். பிரேக் ஆயில் குறைந்தாலும் எரிய வேண்டியது அதே விளக்குதான். நாளைக்கு ஏதாவது ஒரு பைப் துருப்பிடித்துக் கசிந்தால் உங்களுக்குச் சொல்வதற்கு எதுவும் மிச்சமில்லை. குளிர்காலத்தில் சாலையில் உப்பு கொட்டுகிற மாநிலங்களில் 20 வருடப் பழைய டிரக்கின் பிரேக் பைப்பைக் குனிந்து பார்த்தவர்களுக்கு இது எவ்வளவு சாதாரணமாக நடக்கிற விஷயம் என்று தெரியும்.

சரி, ஃப்யூஸ் விஷயத்துக்கு வருகிறேன். இங்கே இருப்பது இரண்டு தனித்தனி ஏற்பாடு. ஒன்று டிஆர்எல், அதாவது மேலே சொன்ன பகல் விளக்கு, பகலில் வண்டி ஓடும்போது முன்னால் மட்டும் எரிகிற விளக்கு. இன்னொன்று ஆட்டோமேட்டிக் ஹெட்லைட், இருட்டினால் முன் விளக்கோடு பின் சிவப்பு விளக்கு, நம்பர் பிளேட் விளக்கு, டேஷ் விளக்கு எல்லாவற்றையும் சேர்த்துப் போடுவது. டிஆர்எல் ரிலேவை, அதாவது மின்சாரத்தால் இயங்குகிற அதன் சுவிட்சை, பிடுங்கினால் முதலாவது மட்டும் போகும், இருட்டினால் ஹெட்லைட் வழக்கம்போல் எரியும். ஹெட்லைட் ஃப்யூஸையே பிடுங்கினால் கையால் போட்டாலும் எரியாது, அது பேச்சுக்கே இடமில்லாத யோசனை.

டிஆர்எல்லைக் கழற்றுவது சட்டப்படி சரியா என்று அடுத்துக் கேட்பீர்கள். அமெரிக்காவில் டிஆர்எல் கட்டாயம் கிடையாது. 1993-இல்தான் அதற்கு நாடு முழுவதும் அனுமதியே கொடுத்தார்கள், ஜெனரல் மோட்டார்ஸ் 1995 மாடல்களிலிருந்து தானாக முன்வந்து பொருத்த ஆரம்பித்தது. எல்லோருக்கும் கட்டாயமாக்குங்கள் என்று அந்த நிறுவனம் 2001-இல் கொடுத்த மனுவை சாலைப் பாதுகாப்பு அமைப்பான என்எச்டிஎஸ்ஏ 2009-இல் நிராகரித்துவிட்டது. கனடாவில் கதையே வேறு, அங்கே 1990 மாடல்களிலிருந்து டிஆர்எல் கட்டாயம். எனவே எல்லைக்கு அந்தப் பக்கம் வாங்கிய வண்டியாக இருந்தால் அதைத் தொடாதீர்கள். (ஊரில் 2017 ஏப்ரலுக்குப் பிறகு வந்த பைக்குகளில் ஹெட்லைட் சுவிட்சே இல்லாமல் போனதை நினைத்துக்கொண்டால் கனடாக்காரர்களின் நினைப்பு புரியும், பகலிலும் எதிரே வருகிறவர் கண்ணில் பட வேண்டும் என்பதுதான்.)

இப்போது நான் உண்மையில் கவலைப்படுகிற இடம். ஆட்டோமேட்டிக்கை ஏமாற்றி அணைத்துவிட்டு டிஆர்எல்லை மட்டும் விட்டு வைத்தால் என்ன ஆகும் என்று யோசித்துப் பாருங்கள். மாலை மங்குகிறது, உங்கள் முன்னால் ரோட்டில் ஏதோ வெளிச்சம் விழுகிறது, தெரு விளக்கும் இருக்கிறது, ஹெட்லைட் எரிகிறது என்றே மனம் எடுத்துக்கொள்ளும். பின்னால் வருகிறவருக்கோ உங்கள் டிரக் ஒரு கருப்புப் பெட்டி. பிரேக் மிதித்தால்தான் அது அங்கே இருப்பதே தெரியும். கனடாவில் இப்படி ஓடுகிற வண்டிகளைப் பேய் வண்டிகள் என்றே சொல்வார்கள். இதற்காகவே 2021 செப்டம்பரிலிருந்து அங்கே வருகிற புது வண்டிகளுக்கு ஒரு விதி போட்டார்கள்: டிஆர்எல்லோடு பின் விளக்கும் எரிய வேண்டும், இல்லையென்றால் இருட்டில் எல்லா விளக்கும் தானாக எரிய வேண்டும், அதுவும் இல்லையென்றால் டேஷ்போர்டு இருட்டாக இருந்து ஓட்டுநருக்கு உறைக்க வேண்டும். மூன்றில் ஒன்று. உங்கள் வண்டியில் இருக்கிற ஆட்டோமேட்டிக், அந்த மூன்றில் இரண்டாவது. அதை நிரந்தரமாகப் பிடுங்க வேண்டாம் என்று நான் பிடிவாதமாகச் சொல்வதற்குக் காரணம் அதுதான்.

இந்த ஏற்பாட்டின் கண் டேஷ்போர்டின் மேல், முன் கண்ணாடிக்கு அடியில் இருக்கிற ஒரு சிறு கருப்புக் குமிழ், வெளிச்சத்தை அளக்கிற சென்சார். அதன் மேல் கருப்பு டேப் ஒட்டினால் அணைந்துவிடும் என்று யாராவது சொன்னால் நம்பாதீர்கள், நடப்பது நேர் எதிர். குமிழ் இருட்டைப் பார்த்தால் இரவு என்று எடுத்துக்கொண்டு நடுப்பகலிலும் ஹெட்லைட் எரியும். டேஷ்போர்டு விரிப்பு, தொப்பி, டோல் ரசீது எது மேலே கிடந்தாலும் இதேதான். கனெக்டரைக் கழற்றிவிட்டாலும் அப்படித்தான். ஒருவேளை பகலில்கூட ஹெட்லைட் எரிகிறதே என்பதுதான் உங்கள் உண்மையான எரிச்சல் என்றால், அணைக்கிற வழியைத் தேடாமல் முதலில் அந்தக் குமிழைத் துடைத்துப் பாருங்கள், சரியாகாவிட்டால் சென்சாரை மாற்றுங்கள். இன்னொன்று, இருட்டு ஷெட்டுக்குள் ஸ்டார்ட் செய்தால் ஹெட்லைட் உடனே எரியும், வெளியே வெயிலுக்கு வந்த பிறகு அணைய ஒரு நிமிடம் ஆகும். அது கோளாறு இல்லை, பாலத்துக்கு அடியில் புகுந்து வரும்போதெல்லாம் மினுக்கக் கூடாது என்று வைத்த தாமதம்.

பொத்தான் தேய்ந்து 4 முறை அழுத்துவது வேலை செய்யவில்லை, எனக்கு சுவிட்சுதான் வேண்டும் என்றால், செய்ய வேண்டியது சென்சாருக்கு "இப்போது பகல்" என்று பொய் சொல்வது. வெளிச்சம் கூடினால் சென்சாரின் மின்தடை குறையும். நல்ல வெயிலில் வண்டியை நிறுத்தி, கனெக்டரைக் கழற்றி, மல்டிமீட்டரில் அதன் மின்தடையை அளந்துகொள்ளுங்கள். கையால் மூடினால் எகிறுவதையும் பாருங்கள், அப்போது சரியான இரண்டு முனையைத்தான் அளக்கிறீர்கள் என்று உறுதியாகும். வெயிலில் வந்த அளவுக்கு ஒரு ரெசிஸ்டரை சென்சாருக்கு இணையாக, சுவிட்ச் வழியாகப் போட்டால் போதும். வயரை வெறுமனே ஒன்றோடொன்று தொட வைக்க வேண்டாம், விளக்குகளைக் கட்டுப்படுத்துகிற சிறு கணினியான கன்ட்ரோல் மாட்யூல் அதை வயர் கோளாறு என்று எடுத்துக்கொள்ள வாய்ப்பு உண்டு. ஆட்டோமேட்டிக் ஏசி உள்ள வண்டியில் வெயில் சூட்டைப் பார்க்கிற சென்சாரும் அதே இடத்தில் இருக்கும், வயர்கள் அதிகம், அங்கே அளக்காமல் எதையும் வெட்டாதீர்கள்.

தட்டிவிட்டால் அப்படியே நிற்கிற சாதாரண டாகிள் சுவிட்ச் வேண்டாம். போர் செட்டில் மோட்டார் ஸ்டார்ட்டர் பார்த்திருப்பீர்கள், பச்சைப் பொத்தானை அமுக்கினால் பிடித்துக்கொள்ளும், கரண்ட் போய் வந்தால் விட்டுவிடும், தானாக ஓடாது. அதே ஏற்பாட்டை ஒரு சின்ன 12 வோல்ட் ரிலேவில் செய்யுங்கள். சாவி போட்டால் மட்டும் மின்சாரம் வருகிற ஒரு ஃப்யூஸிலிருந்து எடுத்து, ரிலேவின் ஒரு ஜோடி காண்டாக்ட் தன்னையே பிடித்துக்கொள்ளவும் இன்னொரு ஜோடி ரெசிஸ்டரை இணைக்கவும் விடுங்கள். சாவியை அணைத்ததும் ரிலே விடும், வண்டி தானாக ஆட்டோமேட்டிக்குக்குத் திரும்பும். நாளை உங்கள் மனைவியோ மகனோ வண்டியை எடுத்தாலும் அவர்களுக்கு இந்த வயரைப் பற்றித் தெரிந்திருக்க வேண்டியதில்லை.

இதில் ஒரு சிக்கல் உண்டு. "பகல்" என்று சொல்லிவிட்டால் வண்டி கியரில் விழுந்ததும் டிஆர்எல் எரியும், நான் மேலே சொன்ன பேய் வண்டி அதுவேதான். எனவே இந்த வயரிங் செய்கிறவர்கள் டிஆர்எல் ரிலேவையும் கழற்றிவிடுங்கள். அப்போது தப்பித் தவறி இருட்டில் கிளம்பினாலும் முன்னால் ஒன்றுமே தெரியாது, உடனே உறைக்கும்.

வேலையைத் தொடங்குமுன் பேட்டரியின் நெகடிவைக் கழற்றிச் சில நிமிடம் விடுங்கள், பக்கத்துச் சீட்டின் ஏர்பேக் அந்த டேஷுக்குள்தான் இருக்கிறது, மஞ்சள் கனெக்டர் எதையும் தொடாதீர்கள். இருபது வருடம் வெயிலில் வெந்த பிளாஸ்டிக், இரும்பு ஸ்க்ரூடிரைவரால் நெம்பினால் உடையும், பிளாஸ்டிக் நெம்புகோல்தான் வேண்டும். சென்சார் மேலே வந்ததும் வயரில் ஒரு நூலைக் கட்டி முன் கண்ணாடியில் டேப் போட்டு ஒட்டிவிடுங்கள், இல்லையென்றால் கனெக்டர் ஓட்டைக்குள் சரிந்து உள்ளே போய்விடும், அப்புறம் மேல் டேஷையே கழற்ற வேண்டி வரும்.

நட்சத்திரம் பார்க்கப் போகிறவர்களுக்கு மட்டும்: ஹெட்லைட்டை அடக்கினால் வேலை முடிந்துவிடாது. ஸ்டியரிங் பக்கத்து கியர் தண்டை பார்க்கிலிருந்து டிரைவுக்கு இழுக்கும்போது நடுவில் ரிவர்ஸைத் தாண்டித்தான் போக வேண்டும், அந்த நொடியில் பின்னால் வெள்ளை விளக்கு பளிச்சென்று அடிக்கும். அதற்கான ஃப்யூஸை மைதானத்துக்குள் நுழையும் முன் கழற்றி, வெளியே வந்ததும் திரும்பப் போடுங்கள். ரிமோட்டில் பூட்டினாலும் விளக்கு மினுக்கும், சாவியால் பூட்டுங்கள். எல்லாவற்றையும்விட, வெளிச்சம் இருக்கும்போதே போய்ச் சேருங்கள், விடிந்த பிறகு கிளம்புங்கள்.

ரோட்டுக்கு வந்துவிட்டால் பென்சில்வேனியாவில் சூரியன் மறைந்ததிலிருந்து உதிக்கும் வரை ஹெட்லைட் கட்டாயம், மழைக்கோ பனிக்கோ வைப்பர் ஓடினாலும் கட்டாயம். இந்தச் சென்சாருக்கு மழை தெரியாது, வெளிச்சம் மட்டும்தான் தெரியும், அதனால் பகல் மழையில் லைட் குமிழை நீங்களேதான் திருப்ப வேண்டும். வயரிங் முடித்த அன்று இரவு, வீட்டில் யாரையாவது வண்டிக்குப் பின்னால் நிற்கச் சொல்லிவிட்டு, ரிலேவைப் பிடிக்க வைத்து, சாவியை அணைத்து, மறுபடி ஸ்டார்ட் செய்து பாருங்கள். பின் சிவப்பு இரண்டும் நம்பர் பிளேட் விளக்கும் எரிகிறது என்று அவர்கள் சொன்ன பிறகு டேஷை மூடுங்கள்.