மாமா சொல்வது சரியா, அப்பா சொல்வது சரியா?

மைதான ஓரம்: வாசகர் கேள்வி-பதில்
(பதில் எழுதுபவர் ஓய்வுபெற்ற உடற்கல்வி ஆசிரியர், கூடைப்பந்துப் பயிற்றுவிப்பாளர்)

கேள்வி: என் மகன் 2010 நவம்பரில் பிறந்தவன். சிங்கப்பூர்க் குடிமகன், உயர்நிலை 4 படிக்கிறான். உயரம் 188 சென்டிமீட்டர், பள்ளிக் கூடைப்பந்து அணியில் இருக்கிறான். ஹியூஸ்டனில் இருக்கும் என் தம்பி, "அவனை இங்கே அனுப்பு அக்கா, ஹைஸ்கூல் முடித்தால் 18 வயதில் நேராக என்பிஏ (அமெரிக்கத் தொழில்முறைக் கூடைப்பந்து லீக்) போகலாம், லெப்ரான் ஜேம்ஸ் அப்படித்தான் போனார்" என்கிறான். என் கணவரோ, "19 ஆகாமல் யாரையும் சேர்க்க மாட்டார்கள்" என்கிறார். யார் சொல்வது சரி?
ஒரு தாய், ஈசூன்

பதில்: உங்கள் கணவர் சொல்வதுதான் இன்றைய விதி, அம்மா. தம்பி சொல்வது 2003-ஆம் ஆண்டுக் கதை. லெப்ரான் பள்ளியை முடித்த கையோடு கிளீவ்லாந்து அணிக்குப் போனது உண்மை. கோபி பிரயன்ட் 1996-ல் போனபோது வயது 17 தான். ஒப்பந்தத்தில் அம்மா அப்பாவும் சேர்ந்து கையெழுத்துப் போட வேண்டியிருந்தது. ஆனால் 2005-ல் அந்தக் கதவைச் சாத்திவிட்டார்கள்.

இப்போதைய விதி இதுதான். அணிகள் புது வீரர்களை வரிசையாகத் தேர்ந்தெடுக்கும் டிராஃப்ட் எந்த ஆண்டு நடக்கிறதோ, அந்த ஆண்டு முடிவதற்குள் பையனுக்கு 19 நிறைய வேண்டும். அன்றைக்கே நிறைந்திருக்க வேண்டும் என்றில்லை. 2025-ல் முதல் ஆளாகத் தேர்வான கூப்பர் ஃபிளாக் 2006 டிசம்பர் 21-ல் பிறந்தவர். ஜூன் மாதம் பெயரை வாசித்தபோது அவருக்கு 18 தான். அமெரிக்காவில் பள்ளி முடித்தவர்களுக்கு இன்னொரு நிபந்தனையும் உண்டு: பள்ளியை முடித்தபின் ஒரு என்பிஏ பருவமாவது கழிந்திருக்க வேண்டும்.

இந்த இரண்டாவது நிபந்தனையில்தான் உங்கள் தம்பியின் திட்டம் மாட்டிக்கொள்கிறது. டெக்சசில் பள்ளி வயதை செப்டம்பர் 1-ஐ வைத்துக் கணக்கிடுவார்கள். நவம்பரில் பிறந்த உங்கள் மகனை வயதுப்படி சேர்த்தால் 2029 கோடையில்தான் பள்ளியை முடிப்பான். அப்புறம் ஒரு பருவம் காத்திருக்க வேண்டும். ஆக, 2030 ஜூன். மார்க்கைப் பார்த்து ஒரு வகுப்பு மேலே போட்டார்கள் என்றே வைத்துக்கொள்வோம், அப்போதும் 2029.

இங்கேயே இருந்தால் என்ன ஆகும்? டிராஃப்டுக்கு முந்திய மூன்று ஆண்டாவது அமெரிக்காவுக்கு வெளியே வசித்து விளையாடியவர், அங்கே பள்ளி முடிக்காதவர், அங்கே கல்லூரியில் சேராதவர் என்றால் அவர் வெளிநாட்டு வீரர் கணக்கில் வருவார். அவருக்கு 19 ஆகும் ஆண்டில் பெயர் கொடுக்கலாம். கொடுக்காவிட்டாலும் 22 ஆகும் ஆண்டில் தானாகவே தகுதி வந்துவிடும். உங்கள் மகனுக்கு அந்த ஆண்டுகள் 2029, 2032. ஆக, டிக்கெட் வாங்கி, வீட்டைப் பிரிந்து, ஹியூஸ்டன் போய்ச் சேர்ந்தாலும் ஒரு நாள்கூட மிச்சமாகாது. ஓர் ஆண்டு பின்னால் போனாலும் போகலாம். நல்ல பயிற்சிக்காகப் போகிறான் என்றால் அது வேறு பேச்சு. சீக்கிரம் நுழைவதற்கு என்று மட்டும் யாரும் சொல்ல வேண்டாம்.

உங்கள் வீட்டில் மூன்று பேரும் பேசாமல் விட்ட தேதி ஒன்று இருக்கிறது: 2028 நவம்பர். பையனுக்கு 18. தேசிய சேவை. 13 வயதிலிருந்தே, மூன்று மாதமோ அதற்கு மேலோ வெளிநாட்டில் தங்குவதற்கு வெளியேறும் அனுமதி வாங்கியாக வேண்டும். ஹைஸ்கூல் படிப்பு போல ஆண்டுக்கணக்கில் தங்குவது என்றால் பெற்றோர் பிணைத்தொகைக்கும் தயாராக இருக்க வேண்டும். அது 75,000 வெள்ளி, அல்லது உங்கள் இருவரின் ஆண்டு வருமானத்தில் பாதி, இவற்றில் எது அதிகமோ அது. விளையாட்டுக்காகச் சேவையைத் தள்ளிப்போடச் சொல்லிக் கேட்கலாம், ஆனால் கிடைப்பது அபூர்வம். நீச்சல் வீரர் ஜோசப் ஸ்கூலிங்குக்குக் கிடைத்தது, 2016-ல் ரியோவிலிருந்து தங்கத்தோடு வந்தார். 2018-ல் இங்கிலாந்தின் ஃபுல்ஹம் காற்பந்து அணியோடு ஒப்பந்தம் செய்த பென் டேவிஸ் கேட்டபோது தற்காப்பு அமைச்சு மறுத்துவிட்டது. நாட்டுக்காக ஒலிம்பிக் போன்ற போட்டிகளில் பதக்கம் வெல்லும் வாய்ப்பு உள்ளவர்களுக்குத்தான் என்பது அவர்கள் கணக்கு. கூடைப்பந்தில் சிங்கப்பூர் ஒலிம்பிக்கில் ஆடியது 1956-ல், மெல்பர்னில். மீதியை நான் சொல்ல வேண்டியதில்லை.

நீங்கள் கேட்காத ஒன்றையும் சொல்லிவிடுகிறேன். 188 சென்டிமீட்டர் பையனைப் பள்ளியில் எங்கே நிறுத்துகிறார்கள்? கூடைக்குக் கீழேதானே? நம் பள்ளி அணிகளில் இது காலங்காலமாக நடக்கிறது. உயரமானவன் என்றால் வளையத்தடியில் முதுகைக் காட்டிக்கொண்டு நில், பந்து வந்தால் மேலே போடு. என்பிஏவில் சராசரி உயரம் ஏறத்தாழ 198 சென்டிமீட்டர். அங்கே 188 என்றால் பந்தைக் கொண்டுபோகிற கார்டு, சின்னப் பையன். உங்கள் மகனுக்கு அங்கே தேவைப்படும் வேலையை இங்கே ஒருவரும் அவனுக்குக் கொடுப்பதில்லை. அடுத்த சனிக்கிழமை சமூக மன்றத் திடலில் அவனை ஓரமாக நின்று பாருங்கள். வலது பக்கம் ஆளை வைத்து மறித்தால் இடது கையால் பந்தைத் தட்டிக்கொண்டு தலை நிமிர்ந்து போகிறானா, அல்லது சுற்றித் திரும்பி வலது கைக்கே மாற்றிக்கொள்கிறானா? இரண்டாவது என்றால் பயிற்றுவிப்பாளரிடம் போய், வாரம் ஒரு பயிற்சியிலாவது இவனைக் கார்டாக ஆடவிடச் சொல்லுங்கள். முகம் சுளிப்பார். பரவாயில்லை, கேளுங்கள். ஓ லெவல் முடியட்டும், அப்புறம் பலதுறைத் தொழிற்கல்லூரி அணியில் நிலை மாறி ஆடிப் பார்க்க நேரம் இருக்கிறது.

கேள்வி: 18 வயதில் ஓட்டுப் போடலாம், ராணுவத்தில் சேரலாம். பந்து விளையாட மட்டும் கூடாது என்று அமெரிக்காவில் யாரும் வழக்குப் போடவில்லையா?
வாசகர், தோ பாயோ

பதில்: போட்டார்கள், ஜெயித்தும் இருக்கிறார்கள். அப்போது விதி இன்னும் கடுமை: பள்ளி முடித்து நான்கு ஆண்டு ஆக வேண்டும். ஸ்பென்சர் ஹேவுட் 1968 மெக்சிகோ ஒலிம்பிக்கில் 19 வயதில் அமெரிக்காவுக்குத் தங்கம் வாங்கிக் கொடுத்தவர். அந்த நான்கு ஆண்டு ஆகும் முன்பே சியாட்டில் அணி அவரோடு ஒப்பந்தம் போட்டது, என்பிஏ தடுத்தது. 1971-ல் உச்ச நீதிமன்றம் வரை போய் ஹேவுட் பக்கம் தீர்ப்பு வந்தது. அந்தத் தீர்ப்பு திறந்த வழியில்தான் பின்னாளில் கெவின் கார்னெட், கோபி, லெப்ரான் எல்லாரும் பள்ளியிலிருந்து நேராக வந்தார்கள்.

அப்படியானால் 2005 விதி எப்படி நிற்கிறது என்றுதானே கேட்பீர்கள். அது முதலாளிகள் தாங்களாகப் போட்ட விதி இல்லை. வீரர் சங்கமும் கையெழுத்துப் போட்ட கூட்டு ஒப்பந்தத்தில் இருக்கிறது. அமெரிக்காவில் தொழிற்சங்கம் பேரம் பேசி ஒப்புக்கொண்டதை, போட்டியைத் தடுக்கிறது என்று சொல்லி உடைப்பது கடினம். அமெரிக்கக் காற்பந்தில் மோரிஸ் கிளாரெட் 2004-ல் இதே மாதிரி முயன்று மேல்முறையீட்டில் தோற்றார். அந்தத் தீர்ப்பை எழுதியவர் சோனியா சோட்டோமயோர், இன்று உச்ச நீதிமன்ற நீதிபதி.

சங்கம் ஏன் ஒப்புக்கொண்டது? 30 அணி, அணிக்கு வழக்கமாக 15 இடம். 18 வயதுப் பையன் ஒருவன் உள்ளே வந்தால் 33 வயதுக்காரர் ஒருவர் வெளியே போகிறார். சங்கத்தில் ஓட்டு இருப்பது 33 வயதுக்காரருக்கு. பள்ளிப் பையன் இன்னும் உறுப்பினரே இல்லை. முதலாளிகளுக்கும் லாபம்: ஓர் ஆண்டு கூடுதலாகப் பார்த்துவிட்டுப் பணம் போடலாம். "பிள்ளைகள் படிக்கட்டும் என்று வைத்த விதி" என்று யாராவது சொன்னால் நான் சிரித்துவிடுவேன். பெரும்பாலான நல்ல வீரர்கள் கல்லூரியில் ஓராண்டு பேருக்கு இருந்துவிட்டுக் கிளம்பிவிடுகிறார்கள். 2018-ல் அமெரிக்காவின் முன்னாள் வெளியுறவு அமைச்சர் காண்டலீசா ரைஸ் தலைமையில் ஒரு குழுவே இந்த விதியை எடுத்துவிடச் சொன்னது. 2023 ஒப்பந்தத்திலும் 19 அப்படியே இருக்கிறது.

கேள்வி: அந்த ஓராண்டைக் கல்லூரியில்தான் கழிக்க வேண்டுமா?
வாசகர், சுவா சூ காங்

பதில்: தேவையில்லை. பிராண்டன் ஜென்னிங்ஸ் 2008-ல் ரோம் நகரத்துக்குப் போய்ச் சம்பளத்துக்கு ஆடிவிட்டு, அடுத்த ஆண்டு 10-வது ஆளாகத் தேர்வானார். லமெலோ பால் ஆஸ்திரேலியாவில் ஆடிவிட்டு 2020-ல் மூன்றாவது. ஐரோப்பாவில் இந்தக் கட்டே இல்லை. ரிக்கி ரூபியோ ஸ்பெயினின் முதல்நிலை லீக்கில் ஆடியபோது வயது 14. லூக்கா டொன்சிச் 16-ல் ரியால் மட்ரிட் பெரியவர் அணியில் ஆடினார். 2021 முதல் அமெரிக்கக் கல்லூரி வீரர்கள் தங்கள் பெயரையும் படத்தையும் வைத்துச் சம்பாதிக்கலாம் என்று ஆகிவிட்டதால், இப்போது ரோமுக்கு ஓட வேண்டிய அவசரம் குறைந்துவிட்டது.

கேள்வி: என் மகள் நன்றாக ஆடுகிறாள். பெண்களுக்கும் 19 தானா?
வாசகி, பிடோக்

பதில்: இல்லை, இன்னும் அதிகம். பெண்கள் லீக்கான டபிள்யுஎன்பிஏவில் பல ஆண்டுகளாக உள்ள விதிப்படி அமெரிக்கப் பெண்கள் டிராஃப்ட் ஆண்டில் 22 ஆக வேண்டும், அல்லது கல்லூரியை முடித்திருக்க வேண்டும். வெளிநாட்டுப் பெண்களுக்கு 20. சீனாவின் ஹான் சூ அந்த வழியில்தான் 2019-ல் நியூயார்க் அணிக்குத் தேர்வானார். ஆண்களைவிடப் பெண்களை மூன்று ஆண்டு அதிகம் காக்கவைப்பது எனக்குப் பிடிக்கவில்லை. ஆனால் நான்கு ஆண்டு கல்லூரியில் ஆடி முடிப்பதால் அந்தப் பெண்கள் வரும்போதே ரசிகர்களையும் கூட்டிக்கொண்டு வருகிறார்கள், அதையும் சொல்லத்தான் வேண்டும்.

கேள்வி: நம்மவர் யாராவது போயிருக்கிறாரா?
வாசகர், உட்லண்ட்ஸ்

பதில்: தமிழர் என்று கேட்டால் எனக்குத் தெரிந்து இல்லை. பஞ்சாபின் சத்னாம் சிங் 2015-ல் 52-வது ஆளாக டல்லஸ் அணிக்குத் தேர்வானார். இந்தியாவில் பிறந்து தேர்வான முதல் ஆள். ஃபுளோரிடாவில் உள்ள ஐஎம்ஜி அகாடமியில் படித்தவர், கல்லூரிப் பக்கம் போகவே இல்லை. வயது 19, பள்ளி முடித்தும் ஓராண்டு ஆகியிருந்தது, விதி தடுக்கவில்லை. ஆனால் என்பிஏ ஆட்டம் ஒன்றில்கூட இறங்கவில்லை. பின்னால் மல்யுத்த நிகழ்ச்சிக்குப் போய்விட்டார். களத்தில் இறங்கிய முதல் இந்திய வம்சாவளிக்காரர் கனடாவின் சிம் புல்லர், அதே 2015-ல், சாக்ரமென்டோ அணிக்காக.

கேள்வி: உங்களுக்கு என்ன உயரம் சார்?
மாணவர், செங்காங்

பதில்: 165. அதனால்தான் பயிற்றுவிப்பாளர் ஆனேன்.