ஃப்ரீபிஎஸ்டி 14-இல் பழைய ஷேர்டு லைப்ரரிகள்: எப்போது, எப்படி அழிப்பது?

கேள்வி: ஃப்ரீபிஎஸ்டி இயங்குதளத்தின் 13-ஆம் பதிப்பில் இருந்த சர்வரை 14-க்கு மாற்றினேன். எல்லாம் ஓடுகிறது. ஆனால் லிப்எஸ்எஸ்எல்.எஸ்ஓ.111 போன்ற பழைய ஷேர்டு லைப்ரரிகள் (பல நிரல்கள் பொதுவாகப் பயன்படுத்தும் கோப்புகள்) அப்படியே கிடக்கின்றன. /யூஎஸ்ஆர்/லோக்கல்/லிப்/காம்பாட்/பிகேஜி அடைவிலும் நிறையக் கோப்புகள். அழித்துவிடலாமா?

பதில்: அழிக்கலாம், அழிக்கவும் வேண்டும். ஆனால் அதற்கு முன் எல்லா பேக்கேஜ்களும் 14-க்கு உரியவையாக மாறியிருக்க வேண்டும். 13-இன் அடிப்படை அமைப்பில் இருந்தது ஓபன்எஸ்எஸ்எல் என்ற குறியாக்க லைப்ரரியின் 1.1.1 பதிப்பு, 14-இல் இருப்பது 3.0, அதன் கோப்பு லிப்எஸ்எஸ்எல்.எஸ்ஓ.30. முன்பு நிறுவிய நிரல்கள் 111 என்ற பெயரைத்தான் தேடும். அது கிடைப்பதால்தான் இப்போது எல்லாம் ஓடுவதுபோலத் தெரிகிறது.

அப்படியே விட்டுவைப்பதில் இரண்டு ஆபத்துகள். ஓபன்எஸ்எஸ்எல் 1.1.1-க்கான பொது ஆதரவு 2023 செப்டம்பரில் முடிந்துவிட்டது. 14-க்கு வரும் பாதுகாப்புத் திருத்தங்கள் அந்தப் பழைய கோப்பைத் தொடாது. இரண்டாவது இன்னும் மோசம். ஒரு நிரல் நேரடியாக 111-ஐயும், அது அழைக்கும் வேறொரு லைப்ரரி வழியாக 30-ஐயும் ஏற்றினால், ஒரே பெயருள்ள செயற்கூறுகள் ஒரே நினைவகத்தில் மோதலாம். நிரல் காரணம் தெரியாமல் விழலாம்; பதிவேட்டைப் பார்த்தாலும் விளங்காது.

முதலில், ஸெட்எஃப்எஸ் கோப்பு முறைமை வைத்திருந்தால் 'பிஇசிடிஎல் கிரியேட்' என்பதோடு ஒரு பெயர் கொடுத்து ஒரு பூட் சூழலை (தவறினால் திரும்பிப் போக உதவும் நகல்) சேமியுங்கள். பிறகு 'பிகேஜி-ஸ்டாட்டிக் அப்கிரேட் -எஃப்' கொடுத்து எல்லா பேக்கேஜ்களையும் மறுபடி நிறுவுங்கள். பேக்கேஜ் மேலாளரான பிகேஜியை அப்படியே அழைக்க வேண்டாம்: அதுவே பழைய லைப்ரரியைச் சார்ந்திருக்கலாம், ஸ்டாட்டிக் வடிவம் எதையும் சாராது. போர்ட்ஸிலிருந்து (மூலநிரல் வழி நிறுவும் தொகுப்பு) நீங்களே கட்டியவற்றை மறுபடி கட்ட வேண்டும்.

பேக்கேஜ் மேலாளருக்குத் தெரியாதவைதான் பெரும்பாலும் காலை வாரும். கையால் தொகுத்த நிரல்கள், பைத்தான் மெய்நிகர் சூழலுக்குள் இருக்கும் சி நீட்சிகள், சிபேன் களஞ்சியம் வழி வந்த பெர்ல் கூறுகள் எல்லாம் இதில் அடங்கும். அந்த அடைவுகளில் உள்ள நிரல்களையும் எஸ்ஓ கோப்புகளையும் 'ரீட்எல்ஃப் -டி' கொண்டு பார்த்து, 'நீடட்' என்ற வரிகளில் 111 இருக்கிறதா என்று தேடுங்கள். 'எல்டிடி' மறைமுகச் சார்புகளையும் சேர்த்துக் காட்டும். எந்தக் கோப்பை மறுபடி கட்டுவது என்று அறிய ரீட்எல்ஃப் மேல். நிரல் இயங்கும்போது தானே டிஎல்ஓப்பன் என்ற அழைப்பு வழியாக ஏற்றும் லைப்ரரிகள் இரண்டிலும் தெரியாது. அதற்கு ரூட்டாக 'ப்ராக்ஸ்டாட் -ஏவி' கொடுத்து, ஓடும் நிரல்களில் எது 111-ஐ ஏற்றியிருக்கிறது என்று பாருங்கள்.

இனி அழிப்பு. மூலநிரலிலிருந்து மேம்படுத்தியவர்கள் /யூஎஸ்ஆர்/எஸ்ஆர்சி அடைவில் 'மேக் செக்-ஓல்ட்-லிப்ஸ்' கொடுத்தால் பட்டியல் மட்டும் வரும். 'மேக் டெலிட்-ஓல்ட்-லிப்ஸ்' ஒவ்வொன்றாகக் கேட்டு அழிக்கும். அந்த மூலநிரல் இப்போது நிறுவியிருக்கும் பதிப்பாகவே இருக்க வேண்டும். ஃப்ரீபிஎஸ்டி-அப்டேட் கருவியைப் பயன்படுத்தியவர்களுக்கு, பேக்கேஜ்களைப் புதுப்பித்தபின் மூன்றாம் முறை கொடுக்கும் 'இன்ஸ்டால்' இதே வேலையைச் செய்யும். பலர் இரண்டாவதோடு நிறுத்திவிடுகிறார்கள். உங்கள் சர்வரிலும் அதுவே நடந்திருக்கக்கூடும்.

எண்ணையோ தேதியையோ பார்த்துக் கையால் ஆர்எம் செய்யாதீர்கள். ஏறக்குறைய எல்லா நிரல்களும் சார்ந்திருக்கும் லிப்சி.எஸ்ஓ.7-இல் உள்ள 7 என்ற எண் 2008-இல் வந்த ஃப்ரீபிஎஸ்டி 7.0 காலத்தது, இன்றும் அதுவே நடப்பு லைப்ரரி. அதை அழித்தால் எல்எஸ்கூட ஓடாது. /ரெஸ்க்யூ அடைவில் உள்ள நிரல்கள்தான் மிஞ்சும். நல்லவேளையாக லிப்சி கோப்புக்கு, மாற்றவோ அழிக்கவோ விடாத எஸ்சிஎச்ஜி கொடி இருப்பதால் ஆர்எம் மறுக்கும். அப்படி மறுத்தால் கொடியை நீக்காமல் கையை எடுத்துவிடுங்கள்.

காம்பாட்/பிகேஜி அடைவு வேறு விஷயம். போர்ட்ஸைப் புதுப்பிக்கும் போர்ட்மாஸ்டரின் -டபிள்யூ விருப்பமோ பிகேஜியின் காப்புப்பிரதி அமைப்போ அங்கே பழைய லைப்ரரிகளை வைத்திருக்கும். மேக் அவற்றைத் தொடாது. இங்கும் ரீட்எல்ஃப் தேடல்தான் வழி. யாரும் கேட்காதவற்றை உடனே அழிக்காமல் வேறு அடைவுக்கு நகர்த்துங்கள். லைப்ரரி தேடும் பாதையில் அந்தப் புதிய இடம் இருக்கக் கூடாது, இல்லையென்றால் சோதனைக்குப் பொருளே இல்லை.

அழித்தவுடன் எந்தச் சேவையும் நிற்காது என்பதை மறக்க வேண்டாம். ஏற்கெனவே ஓடும் நிரல், பெயர் நீக்கப்பட்ட கோப்பையும் தன் நினைவகத்தில் பிடித்துக்கொண்டே இருக்கும். மறுதொடக்கத்தில்தான் 'ஷேர்டு ஆப்ஜெக்ட் நாட் ஃபவுண்ட்' என்று வரும். ஆகவே நள்ளிரவு கிரான் வேலை கண்டுபிடிக்கும்வரை காத்திராமல், பகலிலேயே சர்வரை ஒருமுறை ரீபூட் செய்யுங்கள். ஜெயில்கள் (சர்வருக்குள் தனித்து ஓடும் சூழல்கள்) இந்த அடிப்படை அமைப்பை நல்எஃப்எஸ் ஏற்றம் வழியாகப் பகிர்ந்தால், அவற்றுக்குள் உள்ள பேக்கேஜ்களையும் அழிப்பதற்கு முன்பே புதுப்பித்தாக வேண்டும்.

ஏதாவது ஒன்று தவறிப்போனால், 13-இன் பேஸ்.டிஎக்ஸ்ஸெட் தொகுப்பிலிருந்து தேவையான அந்த ஒரு கோப்பை மட்டும் டார் கொண்டு பிரித்து காம்பாட்/பிகேஜி அடைவில் வையுங்கள். /லிப் அடைவுக்குள் திரும்பப் போட வேண்டாம். மூலநிரல் இல்லாத, மறுபடி கட்டவே முடியாத வணிக நிரல் ஏதேனும் இருந்தால் காம்பாட்13எக்ஸ் பேக்கேஜை முயலுங்கள்.