முதல் குழந்தை நல வழக்கு: ஒரு வாரத்தில் என்ன படிக்கலாம்?

ஏழு வயதுக் குழந்தைக்காக முதல்முறை ஆஜராகிறீர்கள், அடுத்த வாரம் குழந்தையோடு சந்திப்பு, எந்தச் சான்றிதழ்ப் படிப்பில் சேரலாம் என்று கேட்டிருக்கிறீர்கள். படிப்பை அப்புறம் பார்த்துக்கொள்ளலாம். முதலில் என்ஐசிஹெச்டி (NICHD) நேர்காணல் நெறிமுறையைத் தேடி எடுங்கள், பதிலைத் திணிக்காமல் குழந்தையிடம் எப்படிக் கேட்பது என்று சொல்லும் வழிகாட்டி அது, இணையத்தில் இலவசமாகவே கிடைக்கும். "அப்பா அடித்தாரா?" என்றால் குழந்தை உங்கள் முகத்தைப் பார்த்தே தலையாட்டிவிடும், "என்ன நடந்தது, முதலிலிருந்து சொல்லு" என்றால்தான் தன் வார்த்தையில் பேசும். தெரியாவிட்டால் தெரியாது என்று சொல்லலாம் என்பதையும் வெறுமனே சொல்லிவிட்டு விடாதீர்கள், "என் நாய்க்குட்டி பேர் என்ன?" என்று கேட்டு அந்தத் "தெரியாது" வாயிலிருந்து வருகிறதா என்று பாருங்கள்.

ஆனால் ஒன்று, நடந்த கொடுமையை நீங்களே துருவித் துருவி விசாரிக்க வேண்டாம். அது பயிற்சி பெற்ற நேர்காணலாளர் வேலை. ஆளுக்கொரு தடவை கேட்டால் சாட்சியம் கலங்கிப்போகும்.

சட்டப் பக்கம் 1989ஆம் ஆண்டு ஐநா குழந்தை உரிமை உடன்படிக்கையின் 3, 12ஆம் பிரிவுகள், அவற்றை முறையே விளக்கி ஐநா குழந்தை உரிமைக் குழு வெளியிட்ட 14, 12ஆம் பொதுக் கருத்துரைகள். குழந்தையின் நலன் என்று 3ஐ முழங்கிவிட்டு, குழந்தை சொல்வதைக் கேட்கச் சொல்லும் 12ஐ மறந்துவிடுகிறவர்கள் நிறைய (எனக்கு இதில் தீராத எரிச்சல்). சந்திப்புக்கு முன் இந்த இரண்டு கருத்துரைகளையாவது படித்துவிடுங்கள்.