சிறை ஊழியர் பயிற்சிக்கு நிதி: முன்பணம் கேட்பவருக்கு ஒரு ரூபாய்கூடக் கொடுக்காதீர்கள்

கேள்வி: நாங்கள் ஒரு சிறிய அறக்கட்டளை நடத்துகிறோம். பதிவு செய்து ஐந்து வருடம் ஆகிறது. பக்கத்து மாவட்டச் சிறையில் வாரம் ஒருநாள் போய்க் கைதிகளுக்கு எழுத்தறிவு வகுப்பு எடுக்கிறோம். அங்குள்ள காவலர்களுக்கு, ஒவ்வொரு கைதியின் வழக்கு, குடும்பம், உடல்நிலை எல்லாவற்றையும் சேர்த்துக் கவனிக்கும் முறையில் (கேஸ் மேனேஜ்மென்ட்) பயிற்சி கொடுக்க ஆசை. சுமார் 20 பேர். கண்காணிப்பாளரும் வாய்மொழியாகச் சரி என்கிறார். கையில் பணம் இல்லை. ஏழைக் கைதிகளுக்கான மத்திய அரசுத் திட்டத்தில் 25 லட்சம் வாங்கித் தருவதாக ஓர் ஆலோசகர் சொல்கிறார். திட்ட அறிக்கைக்கு 60 ஆயிரம், பணம் வந்ததும் 12 சதவீதம் கேட்கிறார். டோக்கனாக 5 ஆயிரம் கொடுத்துவிட்டோம். மீதியைக் கொடுக்கலாமா? வேறு வழி உண்டா?

பதில்: கொடுக்காதீர்கள். மற்றதை எல்லாம் அதற்கப்புறம் பேசலாம்.

அவர் காட்டுகிற திட்டமே உங்களுக்கானது இல்லை. அது 2023-ல் வந்தது. ஜாமீன் கிடைத்தும் தொகையைக் கட்ட வழியில்லாமல் உள்ளேயே கிடப்பவர்கள், தண்டனை முடிந்தும் அபராதம் கட்ட முடியாமல் இருப்பவர்கள், இவர்களுக்காகப் பணத்தைக் கட்டி வெளியே கொண்டுவருவதற்கான திட்டம். மாவட்டக் குழு ஒவ்வொரு ஆளாகப் பார்த்து முடிவு செய்யும். அதில் அறக்கட்டளைக்குப் பணமும் இல்லை, பயிற்சிக்கு இடமும் இல்லை. உங்கள் ஆலோசகர் அந்தத் திட்டத்தின் சுற்றறிக்கையில் முதல் பக்கத்தைத்தான் காட்டியிருப்பார், இரண்டாம் பக்கத்தைக் கேட்டுப் பாருங்கள், 'ஆபீஸில் இருக்கு சார்' என்பார். இந்த மானியக் கோப்புகளோடு இருபது வருடம் மாரடித்தவன் நான். 'டெல்லியில் ஆள் இருக்கு' என்று ஆரம்பிக்கும் எந்தப் பேச்சும் ஒரு சாங்ஷன் ஆர்டரில் (நிதி ஒதுக்கும் உத்தரவில்) போய் முடிந்ததை நான் பார்த்ததில்லை.

பணம் எப்படி ஓடுகிறது என்று கொஞ்சம் தெரிந்துகொண்டால் இந்த மாதிரி ஆட்களை வாசலிலேயே திருப்பி அனுப்பலாம். அரசியலமைப்பின் ஏழாவது அட்டவணைப்படி சிறை மாநிலப் பட்டியலில் இருக்கிறது. ஆகவே செலவு மாநில பட்ஜெட்டின் தலையில். மத்திய அரசும் அவ்வப்போது கை கொடுக்கும். 2021-22 முதல் 2025-26 வரைக்கான சிறை நவீனமயத் திட்டத்துக்கு 950 கோடி ஒதுக்கியது, அதன் நோக்கங்களில் கைதிகளைக் கையாளும் அலுவலர்களுக்குப் பயிற்சி என்பதும் எழுத்தில் இருக்கிறது. இதைப் படித்ததும் உங்களுக்கு ஆசை வரும். ஆனால் அந்தப் பணம் மாநில அரசுக்கு வரும், அங்கிருந்து துறைக்கு வரும், அதோடு சரி. உங்கள் அறக்கட்டளைக் கணக்குக்கு வராது. துறைக்கு வந்த பணமும் கேமராவுக்கும் ஸ்கேனருக்கும் போகிற வேகத்தில் பயிற்சிக்குப் போகாது. கேமராவை வாங்கினால் சுவரில் மாட்டிக் காட்டலாம், ஒரு தலைமைக் காவலர் பொறுமையாகப் பேசக் கற்றுக்கொண்டதை எந்தச் சுவரில் மாட்டுவது? பணம் எதற்குப் போனது என்று காட்டும் பயன்பாட்டுச் சான்றிதழில் அதற்குக் கட்டமே இல்லை. மார்ச் 31 வந்தால் மீதிப் பணம் திரும்பிப் போகும். பிப்ரவரியில்தான் எல்லோருக்கும் பயிற்சி ஞாபகம் வரும்.

சரி, உங்களுக்கு உண்மையில் எவ்வளவு பணம் வேண்டும்? 25 லட்சம் என்ற எண் எங்கிருந்து வந்தது? 12 சதவீதம் கணக்குப் போட அந்த எண் ஆலோசகருக்கு வசதி, அவ்வளவுதான். இருபது பேருக்கான பயிற்சி, சிறை வளாகத்திலேயே, பயிற்சியாளரின் பயணச் செலவு, டீ, மதியச் சாப்பாடு, அச்சடித்த படிவங்கள். இதற்கு லட்சங்கள் தேவையில்லை. இங்கே பெரிய செலவு பணமே இல்லை, ஆள். ஒரு மாவட்டச் சிறையில் ஒரே நாளில் இருபது காவலர்களை வகுப்பில் உட்கார வைத்தால் வாசலில் யார் நிற்பது, மனு நேரத்தில் (கைதிகளைப் பார்க்கக் குடும்பத்தார் வரும் நேரத்தில்) யார் பார்ப்பது, கோர்ட்டுக்கு அனுப்புகிறவர்களை வழிக்காவல் போலீஸிடம் யார் ஒப்படைப்பது? கண்காணிப்பாளர் உங்கள் முகத்துக்கு நேரே சரி என்பார், அன்றைக்குக் காலையில் நான்கு பேர்தான் வருவார்கள், அதிலும் ஒருவர் இரவுப் பணி முடித்து வந்து தூங்குவார். அவரைக் குறை சொல்ல முடியாது.

அதனால் ஐந்து ஐந்து பேராக, பணி மாறும் நேரத்தை ஒட்டி இரண்டு மணி நேரம், நான்கு வாரம் என்று போடுங்கள். அந்த நேரத்தைப் பணிநேரமாகக் கணக்கில் எடுக்கும்படி எழுத்தில் உத்தரவு வாங்குங்கள். வாய்மொழிச் சம்மதத்துக்கு ஆயுசு அந்தக் கண்காணிப்பாளர் மாற்றலாகும் வரைதான். கடிதம் அவர் வழியாகச் சிறைத்துறையின் சரக டிஐஜிக்குப் போய், அங்கிருந்து சென்னைத் தலைமை அலுவலகத்துக்குப் போக வேண்டும். நேரே சென்னைக்கு அனுப்பினால் 'அறிக்கை கோரி' என்று கீழே திருப்பி அனுப்புவார்கள், அது திரும்ப மேலே ஏறுவதற்குள் உங்கள் உற்சாகம் போய்விடும்.

இந்தப் பயிற்சி எதற்கு என்று கேட்பார்கள். தத்துவம் பேசாதீர்கள், ஒரு சம்பவத்தைச் சொல்லுங்கள். நான் பார்த்த ஒரு சிறையில் ஒரு விசாரணைக் கைதிக்கு மூன்று மாதமாக மனுவே வரவில்லை. மனுப் பதிவேட்டை வைத்திருந்த காவலருக்கு அது தெரியும், ஆனால் அவர் வேலை வருகிறவர்களை எழுதுவது, வராதவர்களை எழுதுவது இல்லை. மருத்துவமனைப் பதிவேட்டில் அதே ஆள் தூக்கம் வரவில்லை என்று நான்கு தடவை மாத்திரை வாங்கியிருக்கிறார். வாய்தாப் பதிவேட்டில் வக்கீல் பெயர் இருக்க வேண்டிய இடம் காலி. மூன்று நோட்டு, மூன்று மேஜை, மூன்றையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பார்க்க ஒரு ஆள் இல்லை. அவருடைய ஹிஸ்டரி டிக்கெட்டில் (சிறையில் ஒவ்வொரு கைதிக்கும் இருக்கும் விவர அட்டையில்) எடை, அடையாள மச்சம் எல்லாம் கச்சிதமாக இருந்தது. கேஸ் மேனேஜ்மென்ட் என்று பெரிய பெயர் வைத்திருப்பதெல்லாம் இந்த மூன்று நோட்டையும் ஒருவர் படிப்பதுதான். ஒரு காவலருக்கு இருபது கைதி, அந்த இருபது பேரில் யாருக்கு என்ன நிற்கிறது என்று அவருக்குத் தெரிய வேண்டும்.

சட்டப்படியும் இதற்கு இப்போது பலம் இருக்கிறது. 2024 ஜூலை 1 முதல் நடைமுறையில் உள்ள பாரதிய நாகரிக் சுரக்ஷா சட்டத்தின் (பழைய குற்றவியல் நடைமுறைச் சட்டத்தின் இடத்தில் வந்தது) 479-வது பிரிவு, இதற்கு முன் எந்தக் குற்றத்திலும் தண்டனை பெறாத விசாரணைக் கைதி, அந்தக் குற்றத்துக்கான அதிகபட்சத் தண்டனையில் மூன்றில் ஒரு பங்கு காலத்தை உள்ளே கழித்துவிட்டால் ஜாமீனில் விடுவிக்க வழி செய்கிறது, மற்றவர்களுக்குப் பாதி. மரண தண்டனை, ஆயுள் தண்டனை வரக்கூடிய வழக்குகளுக்கு இது கிடையாது. கெடு வந்ததும் நீதிமன்றத்துக்கு எழுத வேண்டிய கடமை சிறைக் கண்காணிப்பாளருடையது. அந்தத் தேதியை யார் கணக்குப் போடுவது? பயிற்சி பெற்ற ஒரு ஆள் இருந்தால் போடுவார். 2022 இறுதியில் நாடு முழுவதும் சிறையில் இருந்த 5,73,220 பேரில் 4,34,302 பேர் விசாரணைக் கைதிகள். உங்கள் கடிதத்தில் இந்த ஒரு பத்தி இருந்தாலே டிஐஜி அலுவலகத்தில் அதைக் கீழே வைக்காமல் படிப்பார்கள்.

பயிற்சியாளர் விஷயத்துக்கு வருவோம். இங்கே நீங்கள் காசு கொடுக்கவே வேண்டாத இடங்கள் இருக்கின்றன. வேலூரில் 1979 முதல் இயங்கும் ஆப்கா, தென்மாநிலச் சிறை அலுவலர்களுக்கான பயிற்சி நிறுவனம், இந்த வேலைக்கென்றே இருப்பது. இரண்டு பேரை அங்கே அனுப்பும்படி துறையைக் கேளுங்கள், பணிநிமித்தம் போவதால் செலவு துறையுடையது, திரும்பி வந்து மற்றவர்களுக்கு அவர்களே சொல்லிக் கொடுப்பார்கள். வெளியாள் சொல்வதைவிடக் காவலர் சொல்வதைக் காவலர் கேட்பார். மாவட்டச் சட்டப் பணிகள் ஆணைக்குழுவுக்கு ஒரு கடிதம் போட்டால் 479 பற்றி வகுப்பெடுக்க வக்கீல் வருவார். மாவட்ட மனநலத் திட்டத்தில் இருக்கும் மருத்துவரையும் கூப்பிடலாம். கைதிகளை எப்படி நடத்த வேண்டும் என்று சொல்லும் நெல்சன் மண்டேலா விதிகள் பற்றி ஐ.நா.வின் போதைப்பொருள் மற்றும் குற்றத் தடுப்பு அலுவலகம் இணையத்தில் இலவசப் பாடமே வைத்திருக்கிறது. இத்தனையும் சும்மா கிடைக்கும்போது ஒருவர் 'மாட்யூல் டெவலப்மென்ட்' (பாடம் தயாரிப்பு) என்று 3 லட்சம் எழுதினால் சிரித்துக்கொண்டே எழுந்து வந்துவிடுங்கள்.

மிச்சமிருக்கும் சின்னச் செலவுக்கு நிறுவனங்களின் சிஎஸ்ஆர் பணம், அதாவது சமூகப் பொறுப்புக்காக அவை சட்டப்படி செலவழிக்க வேண்டிய பணம், ஒரு வழி. இங்கே சொன்னவற்றில் உங்களைப் போன்ற அறக்கட்டளைக்கு நேராகப் பணம் வரக்கூடிய வழி இது ஒன்றுதான் என்பதால் கொஞ்சம் விவரமாகவே சொல்கிறேன். முந்தைய வருடம் 5 கோடி நிகர லாபம் பார்த்த கம்பெனிக்கே இந்தக் கடமை வந்துவிடும். மூன்று வருடச் சராசரி லாபத்தில் 2 சதவீதம் செலவழிக்க வேண்டும். எனவே பெரிய பெயர்களைத் துரத்த வேண்டியதில்லை, உங்கள் மாவட்டத்து மில் ஒன்றே போதும். கொடுக்க வேண்டிய தொகை 50 லட்சத்தைத் தாண்டாத கம்பெனிக்குத் தனியாக சிஎஸ்ஆர் குழுகூடத் தேவையில்லை, இயக்குநர்களே முடிவெடுக்கலாம், அதாவது முதலாளியிடம் நேரில் பேசினால் வேலை நடக்கும். உங்களிடம் 12ஏ, 80ஜி என்ற வருமான வரிவிலக்குப் பதிவு இரண்டும் வேண்டும், இரண்டும் புதுப்பித்து நடப்பில் இருக்க வேண்டும். இதே மாதிரி வேலையில் மூன்று வருட அனுபவம் வேண்டும், உங்கள் எழுத்தறிவு வகுப்பு அதற்கு ஆதாரம், அதன் வருகைப் பதிவேட்டைப் பத்திரமாக வையுங்கள். கம்பெனி விவகார அமைச்சகத்தில் சிஎஸ்ஆர்-1 படிவம் போட்டு எண் வாங்க வேண்டும், அதை உங்கள் ஆடிட்டரே செய்வார். தொண்டு நிறுவனங்களுக்கான நிதி ஆயோக்கின் தர்பண் தளப் பதிவும் இலவசம், அதற்கு யாராவது காசு கேட்டால் அது அவர் பாக்கெட்டுக்கு.

அரசு ஊழியருக்குப் பயிற்சி என்று மட்டும் எழுதினால் அது ஏழாவது அட்டவணையில் எங்கே இருக்கிறது என்று கம்பெனி செக்ரெட்டரி கேட்பார் (இது கம்பெனிச் சட்டத்தின் ஏழாவது அட்டவணை, சிஎஸ்ஆர் பணத்தை எதற்கெல்லாம் செலவழிக்கலாம் என்ற பட்டியல், மேலே சொன்னது வேறு, இரண்டுக்கும் ஒரே பெயர் வைத்த புண்ணியவான்கள் வாழ்க). கைதிகளின் மனநலம், கல்வி, தொழில்திறன் என்று பலன் போய்ச் சேரும் இடத்தை முன்னால் எழுதுங்கள், பயிற்சி அதற்கான வழி என்று எழுதுங்கள். அது உண்மையும்கூட. பயிற்சிக்கு வரும் காவலர்களுக்கு இந்தப் பணத்திலிருந்து ரொக்கமோ பரிசோ கொடுக்காதீர்கள், ஒரு பை, ஒரு ஃபிளாஸ்க் என்று ஆரம்பித்து அவர்கள் மேல் நடத்தை விதிப் புகார் வரைக்கும் போகும்.

இங்கேயும் ஒரு கூட்டம் உங்களைத் தேடி வரும், இது முந்தையதைவிட மோசம். 'கம்பெனி 50 லட்சம் செக்காகத் தரும், நீங்கள் 35 லட்சத்தை ரொக்கமாகத் திருப்பினால் போதும், 15 உங்களுக்கு' என்பார்கள். கணக்கில் 50 லட்சத்துக்கும் பில் காட்ட வேண்டியவர் நீங்கள். மாட்டும்போது கையெழுத்து உங்களுடையது, அந்த ஆளின் பெயர் எந்தக் காகிதத்திலும் இருக்காது. இப்படி மாட்டி, வரிவிலக்குப் பதிவையே இழந்த ஓர் அறக்கட்டளையின் செயலாளர் என் வீட்டுத் திண்ணையில் உட்கார்ந்து அழுதிருக்கிறார். ஜனவரி முதல் மார்ச் வரை இவர்கள் நடமாட்டம் அதிகம், கம்பெனிகள் பணத்தைச் செலவழித்துத் தீர்க்க அலையும் காலம் அதுதான்.

கடைசியாக அந்த 5 ஆயிரம். போனது போகட்டும், அதைத் திரும்ப வாங்கப் போய் இன்னும் 10 ஆயிரம் விட்டுவிடாதீர்கள். ஆனால் அவரிடம் நீங்கள் என்னென்ன காகிதம் கொடுத்தீர்கள் என்று இன்றைக்கே உட்கார்ந்து பட்டியல் போடுங்கள். பத்திர நகல், பான் நகல் என்றால் பரவாயில்லை. வெற்று லெட்டர்பேடில் கையெழுத்துப் போட்டுக் கொடுத்திருந்தால், இந்த ஆட்கள் முதலில் கேட்பதே அதைத்தான், எத்தனை தாள் என்று எண்ணிச் சொல்லி எழுத்தில் திரும்பக் கேளுங்கள். தரவில்லை என்றால் அந்தத் தேதிக்கு முன் கையெழுத்தான வெற்றுத் தாள்கள் செல்லாது என்று அறங்காவலர் கூட்டத்தில் தீர்மானம் போட்டு, நகலைக் கண்காணிப்பாளரிடமும் உங்கள் வங்கிக் கிளையிலும் கொடுத்து ரசீது வாங்கி வையுங்கள்.