பரண் கொட்டில் குட்டிக்கு கொம்பு சுடலாமா, தடுப்பூசி எப்ப போடணும்?

கேள்வி: டாக்டர் ஐயா வணக்கமுங்க. கரூர் பக்கம் எங்க தோட்டம். போன வருஷம் பரண் போட்டு தலைச்சேரி ஆடு 16 உருப்படி மணப்பாறை சந்தையிலயும் அக்கம்பக்கத்துலயும் வாங்கி விட்டோம். இப்ப குட்டி 14 நிக்குது, பொறந்து ஒரு வாரம் ஆனது 6, ரெண்டு மாசக் குட்டி 5, மூணரை மாசத்துல 3. போன மாசம் ஒரு குட்டி தீவனத் தொட்டி கம்பிக்குள்ள தலைய விட்டு கொம்பு மாட்டிக்கிட்டு ராத்திரியோட ராத்திரியா செத்துப்போச்சுங்க. பக்கத்து தோட்டத்துக்காரர் கம்பிய பழுக்கக் காய்ச்சி கொம்ப சுட்டுடலாம்ங்கறார், இன்னொருத்தர் காஸ்டிக் சோடா தடவச் சொல்றார். தடுப்பூசி இதுவரைக்கும் எதுவும் போடல, தாய் ஆட்டுக்கு முன்னாடி போட்டிருந்தாங்களான்னும் தெரியல. எங்க ஊருக்கு மாட்டுக்கு சினை ஊசி போட ஆள் வருது, ஆடு நல்லா பாக்குற டாக்டர் யாருன்னு தெரியலைங்க. என்ன பண்ணட்டும்?

பதில்: வணக்கம்மா. வளத்த குட்டி அப்படி மாட்டிக்கிட்டு சாகறத பாக்குறது ரொம்ப கஷ்டம், அந்த பதட்டத்துல தான் எல்லாத்துக்கும் உடனே கொம்ப எடுத்துடணும்னு தோணுது உங்களுக்கு. ஆனா முதல்லயே சொல்லிடறேன், கொம்பு சுடுறது நீங்க பண்ணலாம் பண்ணாமலும் விடலாம், தடுப்பூசி அப்படி இல்ல, அது போட்டே ஆகணும். சந்தையில வாங்கின ஆடு 16 நிக்குது, ஒரு ஊசி கூட போடலைன்னு நீங்க எழுதின வரிய படிச்சப்ப தான் எனக்கு பக்குனு இருந்துச்சு.

கொம்பு விஷயத்த முதல்ல முடிச்சுடுவோம். ரெண்டு மாசக் குட்டி 5, மூணரை மாசக் குட்டி 3, இந்த எட்டையும் தொடவே தொடாதீங்க. கொம்புக் குருத்து பொறந்தப்ப தோலோட தான் ஒட்டியிருக்கும், நாள் ஆக ஆக அடியில மண்டை ஓட்டோட சேந்துடும், அப்புறம் வளர்ற கொம்புக்குள்ள எலும்பும் ரத்தமும் ஓடும், பெரிய ஆட்டுக்கு அதுக்குள்ள நெத்தி எலும்பு குழியே வந்து தொறந்துக்கும். அத அறுத்தா ரத்தமும் கொட்டும், மண்டையில ஓட்டையும் விழும், புழு வைக்கும். ரப்பர் பேண்ட் போட்டு விழ வைக்கலாம்னு யாராச்சும் சொன்னாலும் வேண்டாம், வாரக்கணக்குல வலியில துடிக்கும்.

அந்த எட்டுக்கும் மாத்த வேண்டியது தீவனத் தொட்டிய தான். கம்பி இடைவெளி தலை மட்டும் ஈசியா போற மாதிரியும் கொம்பு மாட்டுற மாதிரியும் இருக்கறது தான் உங்க பிரச்சனை. மேல அகலமா கீழ ஒடுக்கமா சாவித்துவாரம் மாதிரி வழி வெச்சு பலகை அடிச்சீங்கன்னா தலைய தூக்கினா வெளிய வந்துடும், ஊர் ஆசாரி ஒரே நாள்ல பண்ணிக் கொடுத்துடுவார். குட்டி நுழையுற எந்த சந்தும் பரண்ல விடாதீங்க. செத்துப்போன அந்த குட்டிக்கு கொம்பு இல்லாம இருந்திருந்தாலும் அந்த கம்பி இன்னொரு நாள் இன்னொன்ன பிடிச்சிருக்கும்.

இப்ப அந்த ஒரு வாரக் குட்டி 6. வயசு சரியா இருக்கு, 4 நாள்ல இருந்து 10 நாளுக்குள்ள பண்றது தான் நல்லது, ரெண்டு வாரம் தாண்டினா விட்டுடுங்க. ஆனா ஆறுக்கும் தேவையான்னு யோசிங்க. கறிக்கு விக்கப்போற கிடாவுக்கு எதுக்கு இந்த வேதனை? பக்ரீத்துக்கு வாங்க வர்றவங்களும் கோயிலுக்கு நேர்ந்து விட வாங்குறவங்களும் கொம்பு நல்லா இருக்கான்னு பாத்து தான் விலையே பேசுவாங்க, கொம்பில்லாத கிடாவுக்கு உங்களுக்கு தான் நஷ்டம். கொட்டில்லயே வெச்சு வளக்கப்போற பொட்டைக்குட்டிக்கு மட்டும் வேணும்னா பண்ணலாம். அதுக்கும் முன்னாடி குட்டி தலைய நல்லா பாருங்க, கொம்பு வர்ற எடத்துல ரெண்டு பக்கமும் தனித்தனியா முடி சுழி இருக்கும், விரல வெச்சு தோல நகத்திப் பாத்தா அந்த எடத்துல தோல் நகராம குருத்தோட ஒட்டிக்கிட்டு நிக்கும், கீழ கடலைப்பருப்பு அளவுக்கு கெட்டியா தட்டுப்படும். தோல் வழுக்கிக்கிட்டு நகந்துச்சுன்னா அது பிறவியிலயே கொம்பில்லாத குட்டி, சுட வேண்டியதே இல்ல. (அப்படி பிறவியில கொம்பில்லாத பொட்டைய அதே மாதிரி கொம்பில்லாத கிடாவோட சேக்காதீங்க, ஆணும் இல்லாம பொண்ணும் இல்லாம குட்டி பொறக்கும், சினை பிடிக்காது. கிடா, பொட்டை ரெண்டுல ஒண்ணுக்காவது கொம்பு இருக்கணும்.)

அடுப்புல காய்ச்சின கம்பி வேண்டவே வேண்டாம்மா. இத நான் என் கண்ணால பாத்து சொல்றேன். வேலைக்கு சேந்த புதுசுல எனக்கு கன்னுக்குட்டிக்கு கொம்பு சுட்டு தான் கை பழக்கம், அதே பழக்கத்துல ஒரு ஆட்டுக்குட்டிக்கு கொம்பு சுடுற கருவிய வெச்சு கன்னுக்குட்டிக்கு வைக்கிற நேரம் வெச்சுட்டேன், வெளிய பாக்க வட்டமா அழகா தான் இருந்துச்சு. மறுநாள் சாயங்காலம் அந்த குட்டி செவுத்துல நெத்திய முட்டிக்கிட்டு அப்படியே நின்னுச்சு, தாய் கத்துது, காம்ப வாயில வெச்சாலும் சப்பல, மூணாம் நாள் போயிடுச்சு. ஆட்டுக்குட்டி மண்டை ஓடு அவ்வளவு மெல்லிசு, சூடு உள்ள இறங்கி மூளைய வேக வெச்சுடும். டாக்டர் சுடுறப்பவும் கருவிய நல்லா செவக்க காய வெச்சு ஒரு தடவைக்கு மூணு நாலு செகண்ட் தான், அழுத்தாம சுத்தி விட்டு எடுக்கணும், செம்புக் கலர்ல முழு வட்டம் விழுந்திருக்கான்னு பாக்கணும், விழலன்னா ஈரத்துணியால ஆற விட்டு திரும்ப கொஞ்சம். கம்பி ஆறிப்போயிருந்தா அதிக நேரம் வைப்பாங்க, ஆபத்தே அங்க தான். காஸ்டிக் அத விட மோசம், குட்டி தாய் மடியில முட்டும், மத்த குட்டி மேல உரசும், மழைத்தண்ணி பட்டா கண்ணுல வழிஞ்சு கண்ணு போயிடும்.

சுடுறதுக்கு முன்னாடி மரத்துப் போற ஊசி போடணும், அதுலயும் ஒரு விஷயம் இருக்கு. மாட்டுக்கு கொம்புக்கு ஒரு எடத்துல போட்டா போதும், ஆட்டுக்கு ஒவ்வொரு கொம்புக்கும் ரெண்டு நரம்பு வருது, கண்ணுக்கு பின்னாடி ஒண்ணு, கண்ணோட உள்மூலையில ஒண்ணு, ஆக மொத்தம் நாலு எடம். ஆனா குட்டிக்கு அந்த மரத்துப் போற மருந்து, லிக்னோகெய்ன், அதிகம் தாங்காது, 3 கிலோ குட்டிக்கு நாலு எடத்துக்கும் சேத்தே 2 சதவீத மருந்து முக்கால் மில்லிக்கு மேல போகக் கூடாது, அதையும் ஊசிக்குன்னே வர்ற சுத்தமான தண்ணி கலந்து நீர்க்க வெச்சு தான் பிரிச்சு போடணும். மாட்டுக்கு போடற கணக்குல போட்டா வலிப்பு வந்து செத்துடும். கூடவே வலி குறைய மெலாக்சிகாம் எடை பாத்து போடச் சொல்லுங்க. இதெல்லாம் டாக்டர் வேலை, உங்க கையில வேண்டாம், ஆனா உங்களுக்கு தெரிஞ்சிருக்கணும்.

ரணஜன்னிய (டெட்டனஸ்) மறந்துடாதீங்க. சுட்ட புண்ணு வழியா அது வரும், தாய் ஆட்டுக்கு ஊசி போட்டதான்னு தெரியாததால குட்டிக்கு சீம்பால்ல எதிர்ப்பு வந்திருக்கும்னு நம்ப முடியாது. சாதாரண டி.டி. ஊசி அன்னைக்கு போட்டா அன்னைக்கே வேலை செய்யாது, அதுக்கு வாரக்கணக்கு ஆகும், அதனால உடனே காப்பாத்துற ஆன்டிடாக்சின் ஊசி தேவையான்னு சுடுற டாக்டர் கிட்டயே கேளுங்க. புண்ணு மேல சாணி, மண்ணு, சாம்பல் எதையும் அப்பாதீங்க, காய்ஞ்சு அதுவா உதிரட்டும், சுத்தி மட்டும் ஈ அண்டாம வேப்பெண்ணெய் தடவலாம். முடிஞ்ச கையோட தாய்கிட்ட விடுங்க, ஊட்டுச்சுன்னா பாதி கவலை தீந்துச்சு. அடுத்த ரெண்டு நாள் ஊட்டாம சோந்து நின்னாலோ சுத்திச் சுத்தி வந்தாலோ உடனே டாக்டர கூப்பிடுங்க.

இனி தடுப்பூசி. ஆட்டுக்கொல்லி நோய் நம்ம நாட்டுல முதல் முதல்ல கண்டுபிடிச்சதே நம்ம தமிழ்நாட்டுல தான், 1987-ல விழுப்புரம் பக்கம் அரசூர்ல, அந்த ஊர்ல எடுத்த கிருமிய வெச்சு நம்ம கால்நடை பல்கலைக்கழகமே தடுப்பூசி பண்ணியிருக்கு. காய்ச்சல், கண்ணு மூக்குல ஊளை, வாயெல்லாம் புண்ணு, அப்புறம் கழிச்சல், மூச்சு வாங்கும், குட்டிங்க தான் அதிகம் போகும். மூணு மாசம் தாண்டின குட்டிக்கு ஒரு தடவை போட்டா மூணு வருஷத்துக்கு தாங்கும். அதனால உங்க மூணரை மாசக் குட்டி 3-க்கும் பெரிய ஆடு 16-க்கும் முதல் ஊசி இது தான். நிறை சினை ஆடு ஏதும் இருந்தா போடறதுக்கு முன்னாடி டாக்டர் கிட்ட சொல்லிடுங்க.

அடுத்தது துள்ளுமாரி. இது வர்றது நோஞ்சான் குட்டிக்கு இல்ல, இருக்கறதுலயே கொழு கொழுன்னு இருக்கற குட்டிக்கு தான் வரும், ராத்திரி நல்லா தின்னுட்டு படுத்தது காலையில துள்ளி விழுந்து செத்துக் கிடக்கும், ஊர்ல பாம்பு கடிச்சிருச்சுன்னு சொல்லுவாங்க. மழை பேஞ்சு புது புல்லு வந்தப்பவும், பரண்ல திடீர்னு அடர்தீவனம் கூட்டினப்பவும் குடல்ல இருக்கற கிருமி பெருகி விஷம் கக்கறதால வருது. ரெண்டு மாசக் குட்டி 5-க்கு தாய்வழி எதிர்ப்பு இருக்குன்னு சொல்ல முடியாததால இப்பவே ஆரம்பிக்கலாம், ஆனா மூணு வாரம் கழிச்சு ரெண்டாவது டோஸ் கட்டாயம் போடணும், அது விட்டுப்போனா முதல் ஊசி போட்டதுல பெரிய பலன் இல்ல. அப்புறம் வருஷா வருஷம் மழைக்கு முன்னாடி. தாய் ஆடுங்களுக்கு அடுத்த ஈத்துக்கு ஒரு மாசம் முன்னாடி துள்ளுமாரியும் ரணஜன்னியும் போட்டு வெச்சீங்கன்னா சீம்பால் வழியா குட்டிக்கு போயிடும், இப்ப இருக்கற கவலை அடுத்த தடவை இருக்காது. கோமாரி, ஆட்டம்மை ரெண்டும் உங்க பக்கம் எப்ப வருதுன்னு டாக்டருக்கு தான் தெரியும், அவர் சொல்றபடி போட்டுக்கலாம்.

குடற்புழு மருந்து ரெண்டு வாரம் முன்னாடி கொடுத்துடுங்க, காய்ச்சல் இருக்கற குட்டிக்கு ஊசி வேண்டாம், கொம்பு சுட்ட அன்னைக்கும் வேண்டாம், ஒரு தடுப்பூசிக்கும் அடுத்ததுக்கும் ரெண்டு மூணு வாரம் விடுங்க. மருந்து வர்ற வழியில ஐஸ்ல வந்துச்சான்னு தயங்காம கேளுங்க. ஆட்டுக்கொல்லி மருந்த கரைச்சா ரெண்டு மணி நேரத்துல முடிக்கணும், ஒரு குப்பியில நிறைய ஆட்டுக்கு இருக்கும், அதனால அக்கம்பக்கத்து ஆட்டையும் அதே நாள் சேத்து போட்டா மருந்தும் வீணாகாது, நோயும் உங்க வேலி தாண்டி வராது. போட்ட பிறகு அரை மணி நேரம் ஆட்ட கண்ணு முன்னாடியே வெச்சிருங்க, எதுக்காவது ஒத்துக்கலன்னா டாக்டர் பக்கத்துல இருக்கணும்.

டாக்டர் எப்படி பிடிக்கறதுன்னு கேட்டீங்க. சினை ஊசி போட வர்றவர் எல்லாரும் டாக்டர் இல்லம்மா, கால்நடை மருத்துவம் படிச்சு கவுன்சில்ல பதிவு பண்ணவர் தான் டாக்டர், பதிவு எண் கேக்கறதுல தப்பே இல்ல. முதல்ல உங்க பக்கத்து அரசு கால்நடை மருந்தகத்துக்கு நேர்ல போங்க, ஆடு எத்தனை, குட்டி எத்தனை, எங்க வாங்கினதுன்னு ஒரு பேப்பர்ல எழுதி எடுத்துட்டுப் போங்க, ஆட்டுக்கொல்லி முகாம் எப்பன்னு கேளுங்க, அது அரசே இலவசமா போடுது. கொம்பு சுட்டு பழக்கம் இருக்கான்னு மரியாதையா கேளுங்க, குட்டிக்கு மரத்துப் போற ஊசி எவ்வளவு போடுவீங்கன்னும் கேளுங்க. எடை பாத்து தான் சொல்லணும்னு பதில் வந்தா நம்பி விடலாம். எனக்கு ஆட்டுல பழக்கம் இல்ல, நாமக்கல் கொண்டு போங்கன்னு சொன்னார்னா அவரையும் மதிங்க, அது நேர்மையான பதில். நாமக்கல் கால்நடை மருத்துவக் கல்லூரி உங்களுக்கு தூரமே இல்ல, அங்க ஆஸ்பத்திரியில ஆடு தினமும் பாக்கறாங்க, ஒரு கூடையில வைக்கோல் போட்டு குட்டியையும் கூட தாயையும் ஏத்திட்டு காலையிலயே போயிடுங்க. நடமாடும் ஆம்புலன்சுக்கு 1962, அத ஃபோன்ல இப்பவே சேவ் பண்ணி வைங்க, ராத்திரி குட்டி துடிக்கறப்ப நம்பர் தேட முடியாது.

ஒரு வாரக் குட்டிக்கு நாள் ஓடிக்கிட்டே இருக்கு, அதனால நாளைக்கே மருந்தகத்துக்கு போங்க. அந்த ஆறுல பொட்டை எத்தனை, பொறந்த தேதி என்ன, டாக்டர் என்ன சொன்னார்னு எழுதுங்க, தேதி வாரியா தடுப்பூசி அட்டவணை போட்டுத் தர்றேன்.